கொக்கிரகுளம்: ஆற்றுப் படங்களும் தீப் படமும்

கொக்கிரகுளம் என்பது திருநெல்வேலி மாநகரில் தாமிரபரணியின் கரையில் உள்ள பகுதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்துள்ளது. அருகில், நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. 1843இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலத்திற்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர், அன்றைய ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிந்த சுலோசன முதலியார். மக்கள் தாம் கேட்காமலேயே ஓர் அரசு ஊழியரிடமிருந்து இவ்வளவு பெரிய உதவியைப் பெற்ற இடம் இது. பிற்காலத்தில் கேட்க வந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு.

1999 ஜூலை 23 அன்றும் 2017 அக்டோபர் 23 அன்றும் இவ்விடத்தில் எடுக்கப்பட்ட படங்கள் தமிழ்நாடு முழுவதையும் உலுக்கின. முதலாவது நிகழ்வில் தண்ணீர், இரண்டாவதில் நெருப்பு. இரண்டிலும் இறந்தவர்கள் மனுவோடு வந்தவர்கள். ஆயினும் படங்கள் பார்த்தவர்களிடம் எழுப்பிய கேள்விகள் ஒன்றாக இல்லை. ஆற்றுப் படங்களைப் பார்த்தவர்கள் "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டார்கள். தீப் படத்தைப் பார்த்தவர்களில் பலர் "இதைப் படம் எடுத்தவர் யார்?" என்று கேட்டார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய வழக்கு: தாது வருடப் பஞ்சப் படங்கள்

படம் எடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் செல்பேசிக் காலத்தில் தோன்றியதன்று. தமிழர்களைப் பொறுத்தவரை அது 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தோடு தொடங்குகிறது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிலைத்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவான கணிப்பு. திருநெல்வேலிச் சீமையில் இரு பருவமழையாலும் நீர் பெறும் தாமிரபரணிப் பாசனப் பகுதி ஓரளவு தாக்குப்பிடித்தது. வானம் பார்த்த கரிசல் நிலமும் தேரிக்காடும் அப்படித் தப்பவில்லை.

சென்னை மாகாணக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் இப்பஞ்சத்தைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் எடுத்த படங்கள் அவை. கண்ணாடித் தகட்டில் படம் பதிந்த காலம் அது. கருவியை நிறுத்தி, ஆட்களை ஒழுங்குபடுத்தி, அசையாமல் இருக்கச் சொல்லி எடுக்க வேண்டும். நிற்கவே வலுவில்லாதவர்களை நிற்கச் சொன்னவர், அவர்களுக்குச் சோறு கொடுத்தாரா என்று அன்றே கேட்டார்கள். இங்கிலாந்தின் இதழ்களில் கேலியாகவும் அக்கேள்வி எழுந்தது. 1886இல் பர்மாவின் மண்டலாயில் ஹூப்பர் செய்தது இன்னும் கொடியது. சுடப்படவிருந்த கைதிகளைப் படம் எடுப்பதற்காகச் சுடும் கட்டளையைத் தாமதப்படுத்தினார் என்ற புகார் எழுந்து, விசாரணை நடந்து, அவர் கண்டிக்கப்பட்டார்.

ஹூப்பர் இரக்கத்திற்குரியவர் அல்லர். ஆனால் அவர்மீது மட்டும் கோபம் குவிந்ததால் யார் தப்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார். "டெம்பிள் கூலி" என்றே அது பெயர் பெற்றது. ஹூப்பரின் படங்களில் துறைமுகமும் இல்லை, அந்த ஆணைக் காகிதமும் இல்லை. பசித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பார்த்தவர்களுக்குக் கண்ணெதிரே கிடைத்த ஒரே குற்றவாளி, படத்துக்கு இப்புறம் நின்ற ஹூப்பர்தான்.

1999: ஆற்றுக்குள் எடுக்கப்பட்டவை

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலைநிலத்தில் அமைந்தவை. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தோட்டத் தொழிலாளர்களில் 652 பேர் கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தனர். அவர்களை விடுவிக்கக் கோரி, புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி முன்னிலையில், தமிழ் மாநில காங்கிரசும் இடதுசாரிக் கட்சியினரும் பங்கேற்க, 1999 ஜூலை 23 வெள்ளிக்கிழமை ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் வந்தது. அலுவலகத்தை நெருங்கியபோது காவல்துறை தடுத்தது. தடியடி தொடங்கியது. ஒருபுறம் காவலர், மறுபுறம் ஆறு. மக்கள் ஆற்றில் இறங்கினர். பதினேழு பேர் இறந்தனர். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு சிறு குழந்தையும் அடக்கம்.

செய்தியாளர்களின் கருவிகளில் அந்தக் காட்சி பதிவாயிற்று. தண்ணீரில் நிற்பவர்கள், அவர்களை நோக்கித் தடியோடு நிற்கும் காவலர்கள், கரையெங்கும் சிதறிய செருப்புகள் எனப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் படங்கள் வந்தன. "பயந்து ஓடியவர்கள் நீரில் மூழ்கினர்" என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய செய்தி, படங்கள் இருந்ததால் அப்படி முடியவில்லை. ஏன் ஓடினார்கள், கரையேற முயன்றபோது என்ன நடந்தது என்ற கேள்விகளைப் படங்களே கேட்டன. திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர். ஆர். சீனிவாசன், அன்று பதிவான காட்சிகளையும் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்து "நதியின் மரணம்" என்ற ஆவணப்படத்தை உருவாக்கினார். அரங்குகளில் அன்றி, கூட்டங்களிலும் கல்லூரிகளிலும் ஊர் மன்றங்களிலும் கைமாறிக் கைமாறி அது பார்க்கப்பட்டது.

அரசு அமைத்த நீதிபதி எஸ். மோகன் விசாரணை ஆணையத்தின் அறிக்கை காவல்துறையின் பக்கமே சாய்ந்தது என்ற விமர்சனம் எழுந்தது. எனவே படம் இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்று சொல்ல இயலாது. ஆனால் நிகழ்வை மறுக்க முடியாமல் போயிற்று. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று கட்சிகளும் அமைப்புகளும் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகின்றன. மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுதி ஒன்றின் தலைப்பே "தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்" என்பதாகும்.

அன்று படம் எடுத்தவர்களைப் பார்த்து "ஏன் ஆற்றில் குதித்துக் காப்பாற்றவில்லை?" என்று தமிழ்நாடு கேட்கவில்லை. காரணம் எளிது. அப்படங்களில் தடி இருந்தது, தடியைப் பிடித்த கையும் இருந்தது. பார்ப்பவரின் கோபத்துக்குப் போக ஓர் இடம் படத்துக்குள்ளேயே இருந்தது.

2017: அக்டோபர் 23

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறும். 2017 அக்டோபர் 23 திங்கட்கிழமை. கடையநல்லூர் அருகேயுள்ள காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித்தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அங்கு வந்தார். குழந்தைகளில் ஒன்று தவழும் பருவத்தை அண்மையில் கடந்தது. ரூ. 1.45 இலட்சம் கடன் வாங்கி, ரூ. 2.34 இலட்சம் வரை திருப்பிக் கொடுத்த பின்னும் கந்துவட்டிக்காரர்கள் மேலும் கேட்டு மிரட்டினார்கள் என்பதும், இது குறித்து ஏற்கெனவே ஆறு முறை மனுக் கொடுக்கப்பட்டது என்பதும் செய்திகளில் வந்தன. அலுவலக வளாகத்திலேயே குடும்பம் தீக்கிரையானது. அங்கிருந்தவர்கள் தீயை அணைத்துப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மனைவியும் குழந்தைகளும் அன்றே இறந்தனர். கணவர் இரண்டு நாள் கழித்து இறந்தார்.

அப்போது எடுக்கப்பட்ட படத்தை இங்கு வருணிக்க வேண்டியதில்லை. பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள், பார்க்காதவர்கள் பார்க்காமலேயே இருக்கலாம். சில செய்தி நிறுவனங்கள் மங்கலாக்கி வெளியிட்டன. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் மங்கல் ஏதுமின்றி அது ஓடியது. மாலைக்குள் தமிழர்கள் வாழும் நாடுகள் அனைத்திலும் அக்குழந்தையைப் பார்த்துவிட்டார்கள்.

உடனே எழுந்தது ஹூப்பரிடம் கேட்ட அதே கேள்வி: கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டியிருக்கக் கூடாதா? இக்கேள்வியை உலகம் முன்பும் கேட்டிருக்கிறது. 1993இல் சூடானில் பசியால் சுருண்ட குழந்தையையும் பின்னால் கழுகையும் எடுத்த கெவின் கார்ட்டர், 1994இல் புலிட்சர் பரிசு பெற்றார். பரிசோடு வசையும் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் உயிர் துறந்தார். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் டிராங் பாங்கில் நேபாம் குண்டில் வெந்து ஓடிவந்த சிறுமி கிம் ஃபுக்கை, அங்கு படம் எடுத்துக்கொண்டிருந்த நிக் உட் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். கார்ட்டரைத் திட்டுவோர் உட்டைச் சான்று காட்டுவது வழக்கம். கிம் ஃபுக் பிழைத்து வளர்ந்த பின் சொன்னது அவ்வளவாக எடுத்துக்காட்டப்படுவதில்லை. ஆடையின்றி நிற்கும் அந்தப் படத்தைக் கண்டு தாம் நெடுங்காலம் கூச்சமும் வெறுப்பும் அடைந்ததாகவும், பிற்பாடே அதனோடு சமாதானம் ஆனதாகவும் அவர் பேசியுள்ளார். தம் படத்தைப் பற்றித் தாமே சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. காசிதர்மத்துக் குழந்தைகளுக்கு அது இல்லை. எனவே அவர்கள் சார்பில் "வேண்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லப்படும் எதுவும் பிறர் சொல்வதே.

கொக்கிரகுளத்தில் சில வினாடிகளில் யார் என்ன செய்திருக்க முடியும் என்று தொலைவிலிருந்து தீர்ப்பளிப்பது கடினம். எடுப்பதும் பரப்புவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எடுத்தவருக்கு எண்ணிப் பார்க்க நேரமில்லை. செல்பேசியில் பெற்று, வீட்டில் உட்கார்ந்து, மேலும் பத்துப் பேருக்கு அனுப்பியவருக்கு நேரம் இருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த அவர்களை யாரும் கேட்கவில்லை. வட்டி வாங்கியவரும், மனுவை வாங்கி வைத்தவரும், அதை மற்றொரு மேசைக்கு அனுப்பியவரும் படத்தில் இல்லை. ஆறு மனுக்கள் எந்த அலமாரியில் இருந்தன என்பதை எந்தக் கருவியாலும் படம் பிடிக்க முடியாது.

படத்தில் இல்லாதவர்களை வரைந்தவர்

அப்படி விடுபட்டவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது ஒரு கேலிச்சித்திரம். ஒளிப்படம் பரவிய சூட்டோடு, கேலிச்சித்திரக் கலைஞர் ஜி. பாலா ஒரு சித்திரம் வரைந்து முகநூலில் வெளியிட்டார். தீயில் கிடக்கும் குழந்தை ஒருபக்கம். முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல்துறை அதிகாரி ஆகியோர் ஆடையின்றி, பணக்கட்டுகளால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்பது மறுபக்கம். சித்திரத்தின் நாகரிகம் பற்றி இருவகைக் கருத்தும் இருந்தன. ஆட்சியர் தரப்பில் புகார் சென்றது. 2017 நவம்பர் 5 அன்று சென்னைக்கு வந்த நெல்லைக் காவல்துறையினர் பாலாவைக் கைது செய்தனர். மறுநாள் பிணை கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 மே மாதம் அவர்மீதான வழக்கை ரத்து செய்தது. மக்களுக்கு அறநெறி கற்பிப்பது நீதிமன்றத்தால் ஆகாது என்ற பொருளில் அத்தீர்ப்பு அமைந்தது.

எரியும் குழந்தையின் உண்மைப் படத்தை ஒளிவுமறைவின்றிப் பரப்பியோரைத் தேடி எந்தக் காவல்படையும் இரயிலேறவில்லை. வரைந்த படத்துக்குத்தான் கைது. குழந்தையின் மானத்தைவிட அதிகாரியின் மானம் விரைந்து காக்கப்பட்டது என்று அன்று பலர் எழுதியதில் தவறு காண இயலாது.

நெறிமுறைகள்

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குற்றத்துக்கு இரையான குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடத் தடை விதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலைத் தழுவி, தற்கொலைச் செய்திகளில் படங்களையும் காணொளிகளையும் தவிர்க்க வேண்டும் என்ற நெறியை இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் ஏற்றது. இவை செய்தி நிறுவனங்களை ஓரளவு கட்டுப்படுத்தும். வாட்ஸ்அப் குழுவைக் கட்டுப்படுத்துவது அரிது.

கந்துவட்டிக்கு எதிரான சட்டமும் 2003 முதலே நடப்பில் இருந்தது. படம் பரவிய பிறகே மாவட்டங்களில் புகார்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படுவதாக அறிவிப்புகள் வந்தன. 2022இல் "ஆபரேஷன் கந்துவட்டி" என்ற பெயரில் காவல்துறை மாநில அளவில் மீண்டும் ஒரு நடவடிக்கையைத் தொடங்க வேண்டியிருந்தது.

தீப் படத்தின் கண்கூடான விளைவு ஒன்று உண்டு. அதன்பின் ஆட்சியர் அலுவலக வாயில்களில், கொக்கிரகுளத்தில் மட்டுமன்றிப் பிற மாவட்டங்களிலும், குறைதீர்க்கும் நாளில் காவலர்கள் நிற்கத் தொடங்கினர். மனுவோடு வருபவர்களின் பைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் திறந்து முகர்ந்து பார்க்கப்பட்டன. மண்ணெண்ணெய் இருந்தால் பறிமுதல் செய்யப்பட்டது. மனுவை உள்ளே எடுத்துச் செல்லலாம்.