உருவம் யாருக்குச் சொந்தம்: ஒரு காப்பிப் பாத்திரத்தின் சரித்திரம்

ஒரு படைப்பின் பொருளை எங்கே தேடுவது என்ற கேள்வி நம் விமர்சனத்தில் இன்னும் தீரவில்லை. எழுதியவன் மனசிலா, எழுதப்பட்ட சொற்களிலா? விம்சாட், பியர்ட்ஸ்லி இருவரும் 1946இல் எழுதிய கட்டுரையோடு இது முடிந்துபோன விவகாரம் என்பவர்களும், அந்தக் கட்டுரையே விஷமம் என்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் இருதரப்பாரும் இது இலக்கியக்காரர்களின் தனிச்சொத்து என்றே நினைக்கிறார்கள். 2010 செப்டம்பரில் சிகாகோவில், அமெரிக்க அப்பீல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஏறக்குறைய இதே கேள்விக்கு, ஒரு காப்பிப் பாத்திரத்தை முன்னிட்டு, பதில் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகே அந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனேன். கிடைத்தவை காப்பியைவிட விமர்சனத்துக்கு அதிகம் உதவும் என்று படுகிறது.

பாத்திரத்தின் பெயர் பிரெஞ்சு பிரஸ். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடி ஜாடி, மூடிவழியே ஏறி இறங்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சல்லடைத் தட்டு. கொரகொரப்பாக அரைத்த பொடியை ஜாடியில் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் பொடி என்பது பொதுவான கணக்கு. 4 நிமிஷம் விட்டுத் தட்டை மெதுவாக அழுத்தி இறக்கினால் சக்கை அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது காப்பி. நம் பித்தளை ஃபில்டரில் தண்ணீர் பொடியின் வழியே சொட்டி இறங்கிவிடுகிறது. இதில் பொடி தண்ணீரிலேயே கிடந்து ஊறுகிறது. ஃபில்டருக்கென்று அரைத்த நைஸ் பொடியை, அதுவும் சிக்கரி கலந்ததை, இதில் போட்டால் தட்டு இறங்க மறுக்கும். இறங்கினாலும் டம்ளரின் அடியில் சேறுபோல வண்டல் நிற்கும். கடையில் தனியாகச் சொல்லி அரைத்து வாங்க வேண்டும். பக்குவம் இவ்வளவுதான். ஒரு குழந்தையும் செய்யக்கூடிய காரியம்.

இவ்வளவு எளிய ஒன்றை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் எளிய பதில் கிடைப்பதில்லை. பெயரிலிருந்தே சிக்கல். பிரான்ஸில் யாரும் இதை ‘பிரெஞ்சு’ என்பதில்லை. பிஸ்டன் வைத்த காப்பிப் பாத்திரம் என்பார்கள். ஆங்கிலேயர்கள், காப்பிப் பாத்திரம் எதற்கும் பிரெஞ்சில் உள்ள பொதுச்சொல்லை எடுத்து, ‘கஃபெத்தியேர்’ என்று இந்த ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு இது ‘பிளஞ்சர்’. பிரெஞ்சு என்ற அடைமொழி வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கொடுத்தது.

1852இல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் பேட்டன்ட் ஒன்று வாங்கினார்கள். துளையிட்ட தகரத் தட்டு, அதன் இருபுறமும் ஃபிளானல் துணி, நடுவில் ஒரு கம்பி. கருத்து முழுசாக வந்துவிட்டது. ஆனால் பாத்திரம் நிலைக்கவில்லை. இந்தக் கருவியின் உயிர் தட்டின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. தட்டுக்கும் பாத்திரச் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பொடி அதன் வழியே மேலே ஏறிவிடும். கருத்துக்கும் காரியத்துக்கும் இடையே இருந்த அந்த மயிரிழையைக் கடக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1920களின் இறுதியில் மிலானைச் சேர்ந்த அத்திலியோ கலிமானி, ஜூலியோ மொனேத்தா இருவரும் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு சுருள்வில்லை வைத்தார்கள். சுவர் சற்றுக் கோணலாக இருந்தாலும் வில் அதைத் தழுவிக்கொண்டே இறங்கும். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிரஸ்களின் தட்டைக் கழற்றிப் பார்த்தால், விளிம்பில் அந்த வில் இருக்கும்.

அடுத்து ஃபாலியேரோ பொண்டானினி. 1958இல் அவர் தன் அமைப்புக்குப் பேட்டன்ட் பெற்றார். அது பிரான்ஸில் மார்ட்டின் என்ற, கிளாரினெட் வாத்தியம் செய்துவந்த தொழிற்சாலையில் தயாராகி, ‘ஷம்போர்’ என்ற பெயரில் பரவியது. லுவார் நதிப் பிரதேசத்தில் முதலாம் பிரான்ஸுவா மன்னன் 1519இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் பெயர் அது. கண்ணாடியைச் சுற்றி உலோகச் சட்டம், வளைந்து முடியும் நான்கு கால்கள், கவிந்த மூடி, உச்சியில் உருண்டைக் குமிழ், ஆங்கில ‘சி’ போல வளைந்த கைப்பிடி. நாம் மனசில் பார்க்கும் பிரெஞ்சு பிரஸ் இதுதான். 1944இல் கோபன்ஹேகனில் ஆரம்பித்த போடம் என்ற ஸ்தாபனம் 1974இல் ‘பிஸ்ட்ரோ’ என்று பிளாஸ்டிக் சட்டம் போட்ட மலிவான ஒன்றைக் கொண்டுவந்தது. கார்ஸ்டன் யோர்கன்ஸன் வடிவமைத்தது. ஆக, பாரிஸின் கருத்து, மிலானின் வில், நார்மண்டியின் சட்டம், டென்மார்க்கின் வியாபாரம். இதில் ஆசிரியன் என்று யாரைச் சொல்வது?

எதிர் உதாரணமும் இருக்கிறது. 1908இல் ட்ரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் மையொற்றுத் தாளை வைத்துக் காப்பி வடித்தார். அதற்கு ஒரே ஆசிரியை. அவர் பெயரே கம்பெனியின் பெயராகவும் ஆகிவிட்டது. தாள், பொடியின் தூளையும் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரஸ்ஸின் வலை இரண்டையும் விட்டுவிடும். பிரஸ் காப்பியின் கனம் அங்கிருந்துதான் வருகிறது. அதன் தோஷமும் அங்கிருந்தே. காப்பி குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதை நார்வேயில் ட்ரோம்ஸோ நகரத்து ஆய்வு 1983இல் சுட்டியது. பின்னால் ஹாலந்துக்காரர்கள் காப்பி எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால் என்ற பொருளே காரணம் என்று கண்டார்கள். தாளில் அது பெரும்பாலும் நின்றுவிடும், பிரஸ்ஸில் நிற்பதில்லை. நல்லதும் கெட்டதும் வலையின் வேலை. இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி வழக்குக்கு வரலாம். மார்ட்டின் கம்பெனி லூயி-ஜேம்ஸ் த வியேல் காஸ்தெல் என்பவர் கையில் இருந்தது. இங்கிலாந்தில் ஹவுஸ்ஹோல்ட் ஆர்ட்டிகிள்ஸ் என்ற இன்னொரு கம்பெனியும் அவருடையது. அது ‘லா கஃபெத்தியேர்’ என்ற பெயரில், ஷம்போரை அச்சாகக் கொண்டதுபோன்ற ஒரு பிரஸ்ஸை விற்றுக்கொண்டிருந்தது. 1991இல் அவர் மார்ட்டினை போடத்துக்கு விற்றார். இங்கிலாந்துக் கம்பெனியை வைத்துக்கொண்டார். இரண்டு பாத்திரமும் ஒரே ஜாடையில் இருக்கும்போது யார் எங்கே விற்பது? ஒப்பந்தத்தின் முதல் நகலில் ஹவுஸ்ஹோல்ட் இங்கிலாந்தோடு நிற்கவேண்டும் என்று இருந்தது. நாலு மாசம் பேசி, நகல்மேல் நகலாகத் திருத்தி, கடைசியில் கையெழுத்தான வாசகத்தில் அது பிரான்ஸுக்கு வெளியே விற்கலாம், ஷம்போர், மெலியோர் என்ற பெயர்களை மட்டும் தொடக்கூடாது என்று ஆயிற்று. பிற்பாடு அந்தப் பாத்திரம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது போடம் வழக்குப் போட்டது. ஒப்பந்தம் போட்டபோது எங்கள் எண்ணம் அதுவல்ல என்றது.

ஒப்பந்தம் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டது. பிரெஞ்சு சிவில் சட்டமோ, எழுத்தின் நேர்ப்பொருளோடு நின்றுவிடாமல் ஒப்பந்தக்காரர்களின் பொதுவான எண்ணத்தைத் தேடு என்கிறது. இதைத்தான் போடம் பிடித்துக்கொண்டது. நீதிபதி ஈஸ்டர்புரூக் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சட்டம் தேடச் சொல்வது இருவருக்கும் பொதுவான எண்ணத்தை. ஒருவர் பின்னாளில் வந்து நான் மனசில் நினைத்தது இது என்று சொல்லும் சாட்சியம் பொது எண்ணம் ஆகாது. பிரான்ஸுக்கு வெளியே என்ற சொற்கள் தெளிவாக நிற்கின்றன. அமெரிக்கா பிரான்ஸுக்கு வெளியே இருக்கிறது. போடம் தோற்றது. கூடவே இன்னொரு தர்க்கமும் நடந்தது. அந்நியச் சட்டத்தை நீதிபதி தானே புஸ்தகம் பார்த்துப் படிப்பதா, நிபுணர்களைக் கூப்பிட்டுக் கேட்பதா? தானே படிக்கலாம் என்றார் ஈஸ்டர்புரூக். போஸ்னர் தனியாக எழுதி அதை ஆமோதித்தார். தீர்ப்போடு உடன்பட்ட வுட் இந்த விஷயத்தில் மட்டும் மாறுபட்டு, நிபுணர் உதவி இல்லாமல் அந்நியச் சட்டத்தைப் படிப்பதில் உள்ள அபாயத்தைச் சொன்னார். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு விமர்சகர்களைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதுகிற நாம் வுட் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

போஸ்னர் 1988இல் சட்டத்தையும் இலக்கியத்தையும் பற்றி ஒரு நூல் எழுதியவர். சட்ட வியாக்யானத்துக்கு இலக்கிய விமர்சனத்திடமிருந்து பெறுவதற்கு அதிகமில்லை என்பது அதில் அவர் கட்சி. இருக்கட்டும். நான் எதிர்த்திசையில் போகிறேன். பாங்கில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. லெட்டர் ஆஃப் கிரெடிட் வரும்போது பாங்க் சரக்கைப் பார்ப்பதில்லை, பத்திரங்களைப் பார்க்கிறது. பத்திரத்தில் சொல் பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் இல்லை. அனுப்பியவன் நல்ல எண்ணத்தில் அனுப்பினான் என்பது அந்த மேஜைக்கு வராத விஷயம். இந்தப் படிப்புமுறையை அப்படியே கவிதைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது குமாஸ்தாவின் விமர்சனமாக முடியும். ஆனால் பொது எண்ணம் என்ற கருத்து பயனுள்ளது. எண்ணமே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. சொற்கள் வழியாக இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்ட எண்ணம் மட்டும் கணக்கில் வரும் என்கிறது. கவிதையில் அந்த இரண்டு பேர் கவிஞனும் வாசகனும். தொகுப்பு வெளிவந்த பிறகு முன்னுரையிலும் பேட்டியிலும் கவிஞன் கொடுக்கும் விளக்கம், ஒரு தரப்பின் வாக்குமூலம். அதைப் படிப்பதில் தப்பில்லை. அதைக் கவிதையின் மேல் தீர்ப்பாக வைப்பது தப்பு. நம் பத்திரிகைகளில் வரும் விமர்சனங்களில் பாதி இந்த வாக்குமூலங்களின் மறுபிரதி.

கதை 2010இல் முடியவில்லை. இன்டர்நெட் கடையில் ஷம்போர் ஜாடையில் பிரஸ் விற்ற வேறொரு கம்பெனிமேல் போடம் வழக்குப் போட, 2018இல் ஜூரி 20 லட்சம் டாலர் நஷ்டஈடு சொன்னது. நீதிபதி அதை இரட்டிப்பாக்கி 40 லட்சம் ஆக்கினார். 2019இல் அதே சிகாகோ அப்பீல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இங்கே எதிராளி கையில் 1991 ஒப்பந்தம்போல எதுவும் இல்லை, ஆகவே உருவத்தின் உரிமை நேராகவே கேள்விக்கு வந்தது. இந்த உரிமைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ‘டிரேட் டிரஸ்’ என்று பெயர், சரக்கின் உடுப்பு. பேட்டன்ட் சில வருஷங்களில் காலாவதியாகும். அப்புறம் அந்தக் கண்டுபிடிப்பு ஊருக்குப் பொது. உடுப்புக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உரிமை கோரும் அம்சம் கருவியின் வேலைக்கு அவசியமாக இருக்கக்கூடாது. எந்தப் பிரஸ்ஸிலும் காப்பி போடப் பிஸ்டன் வேண்டும், வலை வேண்டும். நாலு வளைந்த காலும் உருண்டைக் குமிழும் வேண்டியதில்லை. ஆகவே அவை போடத்துக்குச் சொந்தம்.

இந்த இடத்தில் சரித்திரம் தலைகீழாக நிற்பதைக் கவனிக்கவேண்டும். மேயரும் டெல்ஃபோர்ஜும் நினைத்தது, கலிமானியும் மொனேத்தாவும் விளிம்பில் தீர்த்தது, காப்பிக்குக் கனம் தருவது, ரத்தத்தில் கொழுப்பு ஏற்றுவது, எல்லாம் ஊருக்குப் பொது. கழற்றிப் போட்டாலும் காப்பிக்கு ஒன்றும் ஆகாத பகுதிக்கு 40 லட்சம் டாலர். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. வேலை செய்யும் பகுதியை ஒருவருக்கு என்றென்றைக்கும் எழுதிக்கொடுத்தால் மற்றவர்கள் காப்பி குடிக்க முடியாது. மிச்சமிருப்பதைத்தான் சொத்தாகத் தரமுடியும்.

விமர்சனத்தில் நாம் ஏன் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறோம் என்பது என் கேள்வி. தனித்துவம் என்று சொல்லி ஒரு கவிஞனிடம் நாம் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் குமிழையும் கைப்பிடியையும்: அவன் வரியை உடைக்கும் இடம், அவனுக்கே ஆகிவந்த நாலைந்து படிமங்கள், நிறுத்தற்குறி போடாத பழக்கம். பார்த்தவுடன் இன்னாருடையது என்று தெரிகிறது. வியாபாரத்துக்கு அது போதும். விமர்சகன் செய்யவேண்டியது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. வரியைச் சேர்த்து எழுதிப் பார்க்கவேண்டும், படிமத்தை எடுத்துவிட்டுப் படிக்கவேண்டும். கவிதை பழையபடியே நின்றால் கழற்றியது உடுப்பு. நிற்காமல் போனால் அது விளிம்பில் இருக்கும் வில். அந்த வில்லைத் தனக்கு முந்திய யாரிடமிருந்தோ கவிஞன் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதனால் அவனுக்கு ஒரு குறைவும் இல்லை.