பள்ளிக்குச் செல்லும் வழி
(இங்கிலாந்து நாட்டுச் சட்ட வரலாறு)

கல்வியின் சிறப்பைப் பற்றி நம் சங்கத்து அன்பர் பலர் இவ்விதழில் எழுதியுள்ளனர். பள்ளிக்கூடங் கட்டுதற்குப் பொருளுதவிய செல்வர்களின் பெருமையையும் யாம் படித்து மகிழ்ந்திருக்கிறோம். ஆயின், வீட்டு வாயிலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடையே கிடக்கும் வழியைப் பற்றி எழுதினார் அரியர். ஐந்து வயதுக் குழந்தை அவ்வழியைக் கடந்தாலன்றி அரிச்சுவடி அதன் கைக்கு எட்டாது. அவ்வழிக்குப் பொறுப்பாளர் யாவர்? பெற்றோரா? ஊராட்சியினரா? அரசாங்கத்தாரா? இவ்வினாவை நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் மீண்டும் மீண்டும் ஆராய்ந்த நாடு இங்கிலாந்து. அவ்வரலாறு நம்மவர்க்கும் பயன்படுமாதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

1870-ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவத் திருச்சபைகளின் கையில் இருந்தது. அவ்வாண்டில் பார்ஸ்டர் என்பார் கொணர்ந்த தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளி போதாத ஊர்களிற் பள்ளிக் கழகங்களை அமைத்தது. 5 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் துணைவிதிகளை இக்கழகங்கள் இயற்றலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. கட்டாயம் உண்டெனின் விலக்கும் வேண்டுமன்றோ? பிள்ளைக்கு நோய் இருந்தாலும், அது வேறு வகையாற் கல்வி பெற்று வந்தாலும் பெற்றோர்மீது குற்றமில்லை என வகுத்தனர். துணைவிதி குறித்த தொலைவுக்குள் பள்ளி இல்லையெனினும் குற்றமில்லை. அத்தொலைவு, அண்மையிலுள்ள சாலை வழியே அளக்குங்கால், 3 மைலுக்கு மேற்படலாகாது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இந்த 3 மைல் என்னும் அளவு பிள்ளைக்கு அளித்த உரிமையன்று. பெற்றோர் தண்டனைக்குத் தப்பச் சொல்லத்தக்க சமாதானம் மாத்திரமே. தொலைவில் வாழ்ந்த ஏழையின் பிள்ளைக்குத் தண்டனையும் இல்லை, கல்வியும் இல்லை என்பதே அதன் விளைவு. 1880-இல் வந்த சட்டம் கட்டாய வருகையை நாடெங்கும் பரப்பிற்று. 1891-இல் அரசாங்கத்தார் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 10 ஷில்லிங் மானியம் அளிக்கவே, பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளிற் சம்பளம் ஒழிந்தது. பள்ளிக்குள்ளே கல்வி இலவசமாயிற்று. பள்ளிக்கு வரும் வழி பழைய நிலையிலேயே கிடந்தது.

1902-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் கழகங்களை நீக்கிக் கல்வியை ஜில்லாக் கழகங்கள், நகரசபைகள் ஆகியவற்றின் பொறுப்பில் ஒப்புவித்தது. வேண்டுமெனத் தோன்றும் இடங்களில் பிள்ளைகளுக்கு வண்டி அமர்த்தவும், தக்க பிரயாணச் செலவு கொடுக்கவும் அக்கழகங்களுக்கு அதிகாரம் உண்டென அதன்கண் ஒரு பிரிவு தோன்றிற்று. அதிகாரமேயன்றிக் கடமையன்று. 'கொடுக்கலாம்' என்பதற்கும் 'கொடுத்தல் வேண்டும்' என்பதற்கும் உள்ள வேற்றுமை இலக்கண மாணவன் அறிந்ததே. அவ்வேற்றுமையைக் கடக்க இங்கிலாந்துக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944-இல், பட்லர் என்னும் அமைச்சர் புதிய கல்விச் சட்டத்தை நிறைவேற்றினார். 8 வயது நிரம்பாத பிள்ளைக்கு 2 மைல், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 3 மைல் என 'நடைத்தொலைவு' வரையறுக்கப்பட்டது. நடத்தற்குரிய வழிகளுள் மிகக் குறுகியதே அளவுக்கு உரியது. அத்தொலைவுக்கு அப்பாலுள்ள பிள்ளைக்குக் கல்விக் கழகத்தார் தக்க ஏற்பாடு செய்யாவிடின், பிள்ளை வரவில்லை என்று பெற்றோரைத் தண்டித்தல் இயலாது. அவர்கள் அமர்த்தும் வண்டிக்குக் கட்டணமும் இல்லை. இவ்வாறு, பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் கை, தானும் ஒரு கடமைக்குக் கட்டுப்பட்டது. இதுவே அச்சட்டத்தின் அறம் என்று யாம் கருதுகிறோம்.

எனினும் மைல் என்பது நீளத்தைச் சொல்லுமேயன்றி அபாயத்தைச் சொல்லாது. போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. பிள்ளைகளைச் சாலை கடப்பிக்கும் காவலரை அமர்த்த 1953-இல் ஒரு சட்டம் இடந்தந்தது. அதற்கடுத்த ஆண்டில், வழி அபாயமானது எனப் பெற்றோர் தொடுத்த வாதம் ஒன்று நீதிமன்றம் ஏறிற்று. தலைமை நீதிபதி கோடார்டு பிரபு, சட்டம் கேட்பது தொலைவையே, பாதுகாப்பையன்று எனத் தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பு முப்பதாண்டுக்கு மேல் நின்றது.

இதற்கிடையே 1980-இல் ஒரு சோதனை நேர்ந்தது. செலவைச் சுருக்கக் கருதிய அரசாங்கத்தார், பள்ளி வண்டிக்குக் கட்டணம் வாங்கக் கழகங்களுக்கு இடங்கொடுக்கும் பிரிவு ஒன்றை மசோதாவிற் சேர்த்தனர். பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்து எழுந்தவருள் ஒருவர், முதுமை எய்தியிருந்த அதே பட்லர் ஆவர். அவரும் அரசாங்கக் கட்சியைச் சார்ந்தவரே. ஆயினும், தாம் இயற்றிய சட்டம் நாட்டுப்புறத்தார்க்குத் தந்த உறுதி அழியாமற் காத்தலே தம் கடமை எனக் கொண்டார். 216 பேர் எதிர்த்தும் 112 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, அப்பிரிவு வீழ்ந்தது. கட்சியினும் கொடுத்த சொல் பெரிதென நின்ற அம்முதியவரின் செயல் நினைவுகூரத்தக்கது.

1986-இல் எஸெக்ஸ் ஜில்லாவிலிருந்து வந்த வழக்கொன்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகளை அடைந்தது. வழியின் நீளம் 2.94 மைல், மூன்றுக்குச் சிறிதே குறைவு. அதில் ஒரு பகுதி, விளக்கற்ற தனிவழி. பிள்ளை தனியே செல்லுதற்கு அவ்வழி தகாதென்பது பெற்றோர் வாதம். துணையோடு செல்லும் பிள்ளை ஓரளவு அச்சமின்றி நடக்கக்கூடுமாயின் அவ்வழி நடத்தற்குரியதே என நீதிபதிகள் முடிவுசெய்தனர். வழக்கிற் பெற்றோர் தோற்றனர். எனினும் பாதுகாப்பு என்னும் சொல் முதன்முறையாக அளவுகோலுக்குள் நுழைந்தது. அவ்வாண்டே இயற்றிய மற்றொரு சட்டம், பிள்ளையின் வயதையும் வழியின் தன்மையையும் கழகத்தார் நோக்குதல் வேண்டும் என்றது.

ஆனால் துணை யார்? 1988-இல் டெவன் ஜில்லா வழக்கில் இக்கேள்வி எழுந்தது. எட்டு வயது கடந்த சிறுவன் ஒருவனுக்குப் பள்ளி 2.8 மைல் தொலைவில் இருந்தது. அவனுடைய மாற்றாந் தந்தைக்கு அப்போது வேலையில்லை. அவர் உடன் செல்லக்கூடுமெனக் கழகத்தார் வண்டியை மறுத்தது தவறன்று எனத் தீர்ப்பாயிற்று. அன்பர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கொண்டுவிட்டு மீள்வதும், மாலையிற் சென்று அழைத்து வருவதும் ஆகிய நான்கு நடையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 11.2 மைல் ஆகும். கைக்குழந்தை உடைய தாய்க்கோ, நாட்கூலிக்குச் செல்லும் தந்தைக்கோ இஃது இயலுமா? சட்டத்தின் பார்வையில் தக்கதாகத் தோன்றுவது அடுப்படியில் நின்று பார்க்குங்கால் வேறாகத் தோன்றும்.

2006-இல் நிறைவேறிய சட்டம் இக்குறைகளுட் சிலவற்றை நீக்கிற்று. இங்கிலாந்தில், பாதுகாப்பற்ற வழியால் நடக்க இயலாத பிள்ளைக்கும், உடற்குறை முதலியவற்றால் நடக்க இயலாத பிள்ளைக்கும், தொலைவு குறைவாயினும், இலவச வண்டி உரிமையாயிற்று. வறுமையுற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு 8 வயது முதல் 11 வயது நிரம்பும் வரையிலும் 2 மைல் அளவே போதும் என்றாயிற்று. கழகத்து அலுவலர் வழியை ஆராய்ந்து, நடைபாதையின் அகலம், வண்டிகளின் வேகம், விளக்கு, நீர்நிலையின் அண்மை, சாலை கடக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்கின்றனர். புதிய நடைபாதை இட்டபின் வழி செம்மையாயிற்று என அறிவித்து வண்டியை நிறுத்துவதும் உண்டு. பெற்றோர் அம்முடிவை மறுத்து மேல்முறையீடு செய்வதும் உண்டு. வாதம் ஓயவில்லை, ஆனால் அவ்வாதம் இன்று வழியிலே நடந்து பார்த்துச் செய்யப்படுகிறது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசாங்கத்தார் 2010-இல் வகுத்த விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர் நடைத்தொலைவுக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. வெள்ளம், மண்சரிவு, சாலையின்மை முதலியவற்றால் இளஞ் சிறார்க்கு வழியில் அபாயம் உண்டாயின், அத்தொலைவைக் குறைத்துப் பள்ளியை அமைக்கவேண்டும் எனவும், பள்ளியில்லாச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவச வண்டி முதலிய ஏற்பாடு வேண்டும் எனவும் அவை கூறுகின்றன. இங்கிலாந்தார் நூறாண்டுக்கு மேல் வழக்காடித் தேடிய பொருள் நமக்கு ஏட்டில் எழுதியே கிடைத்திருக்கிறது. ஏட்டிலிருப்பதை வழியிற் காண்பது நம் முயற்சி.

ஆதலின் நம் சங்கக் கிளையினர் ஒவ்வொருவரும் மழைக்காலக் காலை ஒன்றில், ஓர் ஆறு வயதுக் குழந்தையின் கைபற்றி, அதன் பள்ளி வரை நடந்து பார்ப்பாராக. வாய்க்கால் எங்கே, பாலம் உண்டா, லாரி செல்லும் சாலையை எவ்விடத்துக் கடக்கவேண்டும் என்பனவற்றை எழுதி ஊராட்சி மன்றத்தாரிடம் கொடுப்பாராக. அவ்வழியில் நம் மரபினர் பிள்ளைகள் மாத்திரம் நடப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகள் யாவரும் நடக்கின்றனர். ஆகவே விண்ணப்பமும் ஊரார் அனைவர் பெயராலும் செல்லுதல் நன்று. பள்ளி கட்டியவர்க்குரிய புகழில் ஒரு பங்கு, அப்பள்ளிக்கு வழி செய்தவர்க்கும் உரியதாகும்.