ஜீன்ஸ் (உடை)

இக்கட்டுரை உடையைப் பற்றியது. 1998ஆம் ஆண்டு ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்துக்கு, ஜீன்ஸ் (திரைப்படம்) கட்டுரையைப் பார்க்கவும்.

ஜீன்ஸ் என்பது டெனிம் எனப்படும் தடித்த பருத்தித் துணியால் தைக்கப்படும் காற்சட்டை ஆகும். தொழிலாளர்களின் உழைப்புடையாகத் தோன்றிய இது, இன்று உலகெங்கும் ஆண், பெண், சிறுவர் என அனைவரும் அணியும் அன்றாட உடையாக விளங்குகிறது. இலங்கைத் தமிழர் இதனை டெனிம் என்றே குறிப்பிடுவதும் உண்டு. ஜீன்ஸ் பல வெட்டுகளிலும் துணி எடைகளிலும் கிடைப்பதால், உடலமைப்புக்கும் அன்றாட வேலைக்கும் பொருந்துவதைத் தெரிவு செய்வது எளிதன்று. பொருந்தாத ஜீன்ஸ் தோற்றத்தைக் கெடுப்பதோடு நரம்புகளையும் தோலையும் பாதிக்கக்கூடும்.

தோற்றம்

ஜீன்ஸ் என்னும் சொல் இத்தாலியின் ஜெனோவா நகரின் பிரெஞ்சுப் பெயரிலிருந்தும், டெனிம் என்னும் சொல் பிரான்சின் நீம் நகரின் பெயரிலிருந்தும் வந்தவை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரில் வாழ்ந்த ஜேக்கப் டேவிசு என்னும் தையற்காரர், எளிதில் கிழியும் இடங்களான பை மூலைகளில் செப்பு ஆணிகளை அடித்து இறுக்கும் முறையைக் கண்டறிந்தார். தமக்குத் துணி வழங்கிவந்த சான் பிரான்சிசுக்கோ வணிகர் லெவி சுட்ராசுடன் இணைந்து 1873 மே 20 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். ரிவெட் எனப்படும் இவ்வாணிகளை இன்றும் பைகளின் ஓரத்தில் காணலாம்.

பயன்பாட்டில் இடைஞ்சல் தந்தவை காலப்போக்கில் நீக்கப்பட்டமை ஜீன்ஸ் வரலாற்றின் சுவையான பகுதியாகும். பின்பை ஆணிகள் குதிரைச் சேணத்தையும் நாற்காலிகளையும் கீறின என்னும் முறையீட்டால், லெவி சுட்ராசு நிறுவனம் 1937இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தது. 1966இல் அடியோடு நீக்கிவிட்டு நெருக்கத் தையலைப் பயன்படுத்தத் தொடங்கியது. கவட்டுப் பகுதியில் இருந்த ஆணி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கைவிடப்பட்டது. உலோகச் சிக்கனமே இதற்குக் காரணம் எனினும், நெருப்பருகே குந்தியிருந்தோரை அவ்வாணி சுட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

இந்தியாவில் 1995 அளவில் அரவிந்த் நிறுவனம் ரஃப் அண்டு டஃப் என்ற பெயரில், வெட்டப்படாத டெனிம் துணியுடன் ஜிப், பொத்தான், ரிவெட் ஆகியவற்றை ஒரே பொதியாக விற்றது. வாங்கியவர் அதனைத் தம் ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தம் அளவுக்கே தைத்துக்கொண்டார். ஆயத்த ஆடை பெருகியபின் இம்முறை அருகிவிட்டது. உடலுக்கேற்ற அளவு என்ற வகையில் இது ஓர் இழப்பே எனலாம்.

துணி

டெனிம் சாய்வரி நெசவுத் துணியாகும். பாவு நூல்கள் அவுரி நீலத்தில் தோய்க்கப்படுகின்றன; ஊடை நூல்கள் வெள்ளையாகவே விடப்படுகின்றன. துணியின் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருப்பதன் காரணம் இதுவே. அவுரிச் சாயம் நூலின் நடுவரை ஊடுருவாது மேற்புறத்தில் மட்டும் படிவதால், உராயும் இடங்களில் நிறம் தேய்ந்து வெண்மை தோன்றும். பழங்காலத்தில் செடியிலிருந்து எடுக்கப்பட்ட அவுரி, 1897இல் செருமனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் தன் இடத்தை இழந்தது. எனினும் தமிழ்நாட்டில் திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிரிடப்படுகிறது.

டெனிமின் எடை ஒரு சதுர கெசத்துக்கு இத்தனை அவுன்சு என்று கூறப்படுகிறது. ஓர் அவுன்சு என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம் ஆகும். வழமையான ஜீன்ஸ் 12 முதல் 14 அவுன்சு வரை, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 400 முதல் 475 கிராம் வரை இருக்கும். இவ்வெடை குளிர் நாடுகளுக்கு ஏற்றது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் 8 முதல் 10 அவுன்சு துணி பெரிதும் வசதியானது. வியர்வை விரைவில் உலரும், துவைத்தபின் காய்வதும் எளிது. பல கடைகளில் எடை குறிப்பிடப்படுவதில்லை. தொடைப்பகுதித் துணியை இரு விரல்களுக்கிடையே மடித்துப் பார்த்து, தெரிந்த ஒரு ஜீன்ஸுடன் ஒப்பிடுவதே அப்போது செய்யக்கூடியது.

முழுப் பருத்தி டெனிம் முதலில் விறைப்பாக இருந்து, அணிய அணிய உடலின் வடிவுக்குத் தளரும். எலாசுடேன் என்னும் மீள்தன்மை இழை 1 முதல் 3 விழுக்காடு வரை சேர்ந்த துணி தொடக்கத்திலேயே இணக்கமாக இருக்கும். இவ்விழையை 1958இல் டுபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் சிவர்சு உருவாக்கினார். ஆனால் வெப்பமும் குளோரின் வெளுப்பானும் இதனைச் சிதைப்பதால், சில காலத்தில் முழங்காலும் பின்புறமும் தொய்ந்து மீளாமல் போவதுண்டு. எலாசுடேன் மிகுந்த துணி கடையில் அணிந்து பார்க்கும்போது மிக நன்றாகப் பொருந்துவதாகத் தோன்றும் என்பதையும், சில மணி நேரத்தில் அது தளரும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். அத்தகைய ஜீன்ஸ் வாங்கும்போது சற்று இறுக்கமாகவும், முழுப் பருத்தி எனில் சுருங்கக்கூடிய அளவைக் கணக்கிட்டும் தெரிவு செய்வது வழக்கம்.

அளவுகள்

ஜீன்ஸ் அளவு பொதுவாக இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. 32/34 எனில் இடுப்பு 32 அங்குலம், உட்கால் நீளம் 34 அங்குலம் எனப் பொருள்படும். உட்கால் நீளம் என்பது கவட்டுத் தையலிலிருந்து கால் விளிம்பு வரை உள்ள தொலைவாகும். இந்தியக் கடைகள் பலவற்றில் இடுப்பளவு மட்டுமே குறிக்கப்பட்டு, நீளமான காலை வாங்குபவருக்கேற்ப வெட்டி மடித்துத் தைத்துத் தருகின்றனர். இவ்வாறு வெட்டுவதற்கு முன் ஒரு முறையாவது துவைத்துவிடுவது நல்லது. கடையிலேயே உடனடியாக வெட்டித் தைக்கப்பட்ட ஜீன்ஸ் முதல் துவைப்புக்குப் பின் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுவது அடிக்கடி நிகழ்வதாகும்.

குறிப்பிடப்பட்ட எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. வாங்குபவர் மகிழும் வண்ணம், உண்மையில் 34 அங்குலம் உள்ள இடுப்புக்கு 32 என்று குறியிடும் வழக்கம் பல நிறுவனங்களிடம் உள்ளது. பெண்களுக்கான அளவெண்கள் சில நாடுகளில் அங்குலத்தையே குறிப்பதில்லை. எனவே நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸ் ஒன்றைத் தரையில் விரித்து, இடுப்புப்பட்டி, தொடை, கால் விளிம்பு, உட்கால் ஆகியவற்றை நாடாவால் அளந்து குறித்துக்கொள்வது எந்த அளவெண்ணையும்விட நம்பகமானது. இணையத்தில் வாங்குவோருக்கு இது மிகவும் பயன்படும்.

பலரும் கவனிக்கத் தவறும் அளவு, கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள முன்புற உயரம் ஆகும். ஜீன்ஸ் வசதியாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் இதனைச் சார்ந்தே அமைகிறது. இவ்வுயரம் குறைவாக இருந்தால் உட்காரும்போது பின்புறம் இறங்கும்; அடிக்கடி மேலே இழுத்துவிட நேரும். வயிறு சற்றுப் பருத்தவர்கள் பட்டி வயிற்றுக்குக் கீழே நிற்கும் குறைந்த உயர வகையை வாங்கிவிட்டு, இடுப்பளவு போதவில்லை என்று பெரிய எண்ணுக்குச் செல்வதுண்டு. உண்மையில் அவர்களுக்குத் தேவைப்படுவது கூடுதல் உயரமே. இடுப்பை ஓர் அங்குலம் பிடிப்பதும் காலைக் குறைப்பதும் தையற்காரருக்கு எளிய வேலை. குறைவான உயரத்தைக் கூட்ட அவராலும் இயலாது.

வெட்டும் உடலமைப்பும்

தொடை முதல் கணுக்கால் வரை ஒட்டி அமைவது ஸ்கின்னி. சற்று இடைவெளி விடுவது ஸ்லிம். தொடையிலிருந்து ஏறத்தாழ ஒரே அகலத்தில் இறங்குவது ஸ்ட்ரெய்ட். தொடையில் தளர்ந்து கீழே குறுகுவது டேப்பர்டு. முழங்காலுக்குக் கீழ் விரிவது பூட்கட். பெல்பாட்டம் இன்னும் அகன்றது. இப்பெயர்களுக்குப் பொதுத் தரம் ஏதும் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஸ்லிம் வேறொன்றின் ஸ்ட்ரெய்ட்டாக இருக்கக்கூடும்.

தொடை பருத்தவர்களுக்கும் உடற்பயிற்சியால் தொடைத்தசை வளர்ந்தவர்களுக்கும் டேப்பர்டு பொருந்தும். மெலிந்த உடலினருக்கு ஸ்லிம் அல்லது ஸ்ட்ரெய்ட் ஏற்றது. உயரம் குறைந்தவர்கள் கால் விளிம்பில் துணி குவியாத நீளத்தைத் தெரிவு செய்தால் கால் நீண்டு தோன்றும். இவை யாவும் தோற்றம் பற்றிய பொதுக் கருத்துகளேயன்றி விதிகள் அல்ல.

இடுப்புக்கும் பின்புறத்துக்கும் அளவு வேறுபாடு மிகுந்தவர்களுக்கு, பின்புறத்தில் சரியாகப் பொருந்தும் ஜீன்ஸ் முதுகுப் பக்கம் விலகி நிற்கும். பெண்கள் பலர் எதிர்கொள்ளும் இச்சிக்கலுக்குக் கச்சை பயன்தராது, துணி கொசுவிக்கொள்ளும். பின்பைகளுக்கு மேலுள்ள, நடுவில் தாழ்ந்து அமையும் ஒட்டுத்துண்டே பின்புறத்துக்கு வளைவைத் தருகிறது. இதன் சாய்வு ஆழமாக உள்ள ஜீன்ஸ் இத்தகையோருக்குப் பொருந்தும். லெவி சுட்ராசு நிறுவனம் 2010இல், இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டு பெண்களுக்கான வகைகளை அறிமுகப்படுத்தியது.

பெண்கள் ஜீன்ஸின் பைகள் தனியே குறிப்பிடத்தக்கவை. 2018இல் தி புட்டிங் என்னும் அமெரிக்க இணைய இதழ் 20 வணிகப்பெயர்களின் ஜீன்ஸ்களை அளந்து, பெண்களுக்கான முன்பைகள் ஆண்களுடையவற்றைவிடச் சராசரியாக 48 விழுக்காடு நீளம் குறைந்தவை எனக் கண்டது. கைப்பேசி வைக்க எண்ணுவோர் வாங்குமுன் கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும். சிலவற்றில் பை போன்ற தையல் மட்டுமே இருக்கும்.

அணிந்து பார்த்தல்

கடையின் கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. நாற்காலியில் அமர்ந்தும், குந்தியும், இயன்றால் சம்மணமிட்டும், ஒரு காலை உயரத்தூக்கியும் பார்க்கவேண்டும். தரையில் அமர்ந்து உண்பதும் பேசுவதும் வழக்கமான வீடுகளில் சம்மணச் சோதனை முதன்மையானது. நிற்கும்போது பட்டிக்குள் இரண்டு விரல்கள் எளிதாக நுழையவேண்டும். கவட்டிலிருந்து தொடையை நோக்கிக் கிடைக்கோடுகளாக மடிப்புகள் விழுந்தால் தொடையில் இறுக்கம் உள்ளது எனவும், பின்புறத்துக்குக் கீழே துணி தொங்கினால் அளவு மிகுதி எனவும் கொள்ளலாம். மாலையில் உடல் சற்று உப்பியிருக்கும் என்பதால், நாள் முழுதும் அணிவதற்கான ஜீன்ஸை மாலையில் வாங்குவது பொருத்தமானது.

வாழ்க்கைமுறை

கணினி முன் எட்டு மணி நேரம் அமர்ந்து வேலை செய்வோருக்குப் பட்டி வயிற்றை அழுத்தாத, முன்புற உயரம் போதிய, சிறிது எலாசுடேன் கலந்த துணி ஏற்றது. தடித்த பணப்பையைப் பின்பையில் வைத்தபடி அமர்வதால் இடுப்பு ஒருபுறம் சாய்ந்து, தொடைக்குச் செல்லும் நரம்பு அழுந்தி வலி தோன்றலாம். முன்பை அகன்ற ஜீன்ஸ் இதற்கு எளிய மாற்று.

இருசக்கர வண்டி ஓட்டுவோருக்குக் கவட்டுத் தையலும் உள்தொடையுமே முதலில் தேயும். ஜீன்ஸ் அணிந்திருப்பது விபத்தில் பாதுகாப்புத் தரும் என்பது பரவலாக உள்ள தவறான எண்ணமாகும். சாதாரண டெனிம் சாலையில் உராயும்போது மிக விரைவில் கிழிந்துவிடும். அராமிட் இழை கலந்த, முழங்காலுக்குக் காப்பு வைத்த ஜீன்ஸ்கள் இதற்கெனத் தயாராகின்றன. ஐரோப்பாவில் இவற்றுக்கு ஈஎன் 17092 என்னும் தரம் உள்ளது.

உடல்நலம்

தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனை அருகே வெளிவருகிறது. இறுக்கமான பட்டி அவ்விடத்தை அழுத்தினால் தொடையில் எரிச்சல், மரத்துப்போதல், கூச்சம் ஆகியன உண்டாகும். 2003இல் கனடா மருத்துவக் கழக இதழில் குறைந்த உயர ஜீன்ஸ் அணிந்த பெண்களிடம் இது காணப்பட்டதாகக் குறிக்கப்பட்டது. தளர்ந்த உடைக்கு மாறினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

2015இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதனினும் கடுமையானது. ஆசுதிரேலியாவின் அடிலெய்டு நகரில் 35 வயதுப் பெண் ஒருவர், ஸ்கின்னி ஜீன்ஸ் அணிந்தபடி பல மணி நேரம் குந்தியமர்ந்து அலமாரிகளைக் காலி செய்தார். மாலையில் கால்கள் மரத்து நடக்க இயலாமல் விழுந்தார். கெண்டைக்கால் வீங்கியிருந்ததால் ஜீன்ஸை வெட்டியே எடுக்க நேர்ந்தது. நான்கு நாட்களுக்குப் பின்னரே அவரால் துணையின்றி நடக்க முடிந்தது. குந்தி வேலை செய்ய நேரும் நாளில் தளர்ந்த உடையே தகும்.

வெப்ப நாடுகளில் மிகவும் காணப்படுவது படர்தாமரை ஆகும். வியர்வையில் நனைந்த இறுக்கமான துணி கவட்டில் நெடுநேரம் ஒட்டியிருப்பது இப்பூஞ்சைத் தொற்றுக்கு உகந்த சூழல். முழுதும் காயாத ஜீன்ஸை மழைக்காலத்தில் அணிவதும் அவ்வாறே. தொப்புளுக்குக் கீழே அரிப்பும் தடிப்பும் தோன்றினால் காரணம் பொத்தானின் நிக்கல் உலோகமாக இருக்கலாம். உட்புறத்தில் ஒரு துணித்துண்டைத் தைத்து மறைத்தால் போதும்.

துவைத்தல்

உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் தனியே துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் நீடிக்கும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பர். அவுரி நூலின் மேற்புறத்திலேயே தங்குவதால் இது பெரிதாக உதவுவதில்லை. லெவி சுட்ராசு நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் சிப் பெர்க், தம் ஜீன்ஸை ஓராண்டாகத் துவைக்கவில்லை என்று 2014இல் கூறியது பெரிதும் பேசப்பட்டது. சான் பிரான்சிசுக்கோவின் குளிர்ந்த காற்றுக்கு அது சரியாக இருக்கலாம். வியர்வை மிகுந்த ஊர்களில் மூன்று நான்கு முறை அணிந்தபின் துவைப்பதே தோலுக்கு நல்லது.

தேய்ந்த தோற்றம்

புதிய ஜீன்ஸைப் பழையதுபோலக் காட்ட மணலை உயரழுத்தத்தில் பீய்ச்சும் முறை முன்னர் பரவலாக இருந்தது. அதன் நுண்தூசியைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் பலர், அதிலும் இளைஞர்கள், சிலிக்கோசிசு என்னும் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாகி இறந்தனர். துருக்கி 2009இல் இம்முறையைத் தடை செய்தது. லெவி சுட்ராசு, எச் அண்டு எம் ஆகிய நிறுவனங்கள் 2010இல் இதனைக் கைவிடுவதாக அறிவித்தன. தற்போது சீரொளிக் கதிர் கொண்டும் இத்தோற்றம் உண்டாக்கப்படுகிறது. முடிக்கப்பட்ட ஜீன்ஸைப் பார்த்து எம்முறையில் தேய்க்கப்பட்டது என வாங்குபவர் கண்டறிவது அரிது. தேய்க்கப்படாத அடர்நீல ஜீன்ஸ் வாங்குவோருக்கு இக்கேள்வியே எழுவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் அது அணிபவரின் முழங்காலும் பையும் உராயும் இடங்களில் தானே வெளுக்கிறது.