இருபது டிகிரிக்குக் கீழே: தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தொழிலாளர் குளிருடை பற்றிய சட்டமும் நடப்பும்

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கான சட்டம் 1979இல் இயற்றப்பட்டு 1980 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மத்திய அரசு வகுத்த 1980ஆம் ஆண்டு விதிகளில் 38ஆவது விதியை யாரும் அதிகம் பேசியதில்லை. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்களில், ஒப்பந்ததாரர் தாம் அழைத்துவந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கம்பளிக் கோட்டு ஒன்றும் கம்பளிக் கால்சட்டை ஒன்றும் தரவேண்டும் என்கிறது அது. 5 டிகிரிக்குக் கீழே போனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஓவர்கோட்டும் சேரும். லடாக்கிலும் இமாசலத்திலும் சாலை போடுகிறவர்களை நினைத்து எழுதியது போலத்தான் படிக்கும்போது தோன்றும். ஆனால் அந்த 20 டிகிரிக் கோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஓசூருக்குத் தெற்கே, ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் தாண்டப்படுகிறது.

தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி, அஞ்செட்டி ஆகிய ஊர்கள் அடங்கிய இந்த மேட்டுநிலம் மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரம். கடல் மட்டத்திலிருந்து பெரும்பகுதி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தது இன்று சுற்றுலாத் துண்டறிக்கையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பக்கத்துப் பெங்களூரின் நீண்டகாலச் சராசரியை அளவாக வைத்துக்கொண்டால், நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை ஜனவரியில் 16 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரலில் 22ஐ ஒட்டி ஏறுகிறது. பருவக்காற்று வீசும் ஜூலை தொடங்கி அக்டோபர்வரை 20க்குச் சற்றே கீழே நின்று, பிறகு இறங்குகிறது. இது கட்டடம் நெருங்கிய மாநகரத்தின் கணக்கு. காடும் வயலும் சூழ்ந்த தேன்கனிக்கோட்டையில் விடியற்காலை இன்னும் குளிரும். பகல் 27, 28 டிகிரிக்கு ஏறிவிடுவதால் வெயில் நேரத்தில் வந்துபோகிறவருக்கு இங்கே குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆய்வாளர் வருவதும் பகலில்தான்.

வானிலைத் துறையின் அளவுகோலில், சமவெளியில் குறைந்தபட்சம் 10 டிகிரிக்கு இறங்கினால்தான் குளிரலை என்ற பேச்சே எழும். ஆகவே இந்த வட்டாரத்துக் குளிர் பேரிடரும் ஆகாது, செய்தியும் ஆகாது. வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு, மலை என்று வகைப்படுத்திய இடத்தில் மட்டுமே குளிரை ஒப்புக்கொள்கிறது: அங்கே அரசு ஊழியருக்குக் குளிர்காலப் படி உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை உண்டு. தொழிலாளர் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிற்று. குளிருடையை அது தொழிலாளி எந்த வகை, நிலம் எந்த வகை என்று பார்த்துத் தரும் சலுகையாக்கியது. தேன்கனிக்கோட்டை விடுபட்டுப்போனதற்கு அதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். உடையைக் கட்டவேண்டியது வேலை நடக்கும் நேரத்தின் வெப்பநிலையோடு. 38ஆவது விதி, அதன் குறைகளோடேயே, அந்தத் திசையில் ஓரடி வைத்திருந்தது.

ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டை 1970களின் பிள்ளை. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் 1980இல் வந்தன, டைட்டன் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில். அந்தத் தலைமுறைத் தொழிலாளி பெரும்பாலும் ஓசூர் நகரத்திலேயே குடியேறினார். இன்று நிலை வேறு. டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கே வந்துவிட்டது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூரில் வரும் ஆலையில் 60,000 பேர் வேலைசெய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று சொன்னார். இவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். ஏ ஷிப்டு காலை 6 மணிக்கு என்றால் அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் நாலு மணிக்கு எழுந்து, ஐந்துக்கு முன்னால் சாலையோரம் நிற்கவேண்டும். துப்பட்டாவைக் காதை மூடிச் சுற்றி, கையிரண்டையும் அக்குளில் வைத்து நிற்கிறார்கள். பைக்கில் போகும் ஆண்கள் சட்டைக்குள் மார்போடு ஒட்டினாற்போல் தினத்தாளை மடித்துச் செருகிக்கொள்கிறார்கள். காற்றை அது நன்றாகவே தடுக்கிறது. நைட் ஷிப்டு முடிந்து திரும்புகிறவருக்கோ உடல் வெப்பம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் நேரம் அது. தூக்கமில்லாத உடம்புக்கு 15 டிகிரி வெறும் 15 டிகிரியாக இருப்பதில்லை.

தொழிற்சாலைகள் சட்டம், 1948, 13ஆம் பிரிவில் நியாயமான வசதியும் உடல்நலமும் கெடாத வெப்பநிலையைக் கோரியது. கோரியது வேலைக்கூடத்துக்குள் மட்டும். பஸ்ஸும் வாயிற்காவலும் லாரியில் சரக்கேற்றும் திறந்தவெளியும் அதற்கு வெளியே. இந்த எல்லை சட்டத்தின் பிற பகுதிகளில் எப்போதோ தளர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்த்த 51இ பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்ததாகவே கொண்டது. எலும்பு முறிந்தால் சாலையும் வேலையிடம் ஆகிறது. விறைத்த விரலுக்கு ஆகவில்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, இதில் முன்னோடி. அதன் 17ஆம் பிரிவு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு தருமாறு முதலாளிக்கு ஆணையிட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்தெடுப்பவர் தலையிலிருந்து கொங்காணியாகத் தொங்கும் கம்பளிக்குப் பின்னால் இந்தப் பிரிவு இருந்தது. ஆனால் அச்சட்டத்தின் தோட்டம் என்பது தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா, ஏலம். வேறு பயிரைச் சேர்க்க மத்திய அரசின் ஒப்புதலும் மாநில அறிவிக்கையும் தேவைப்பட்டன. ஓசூர், தளி வட்டாரத்தின் பெருமையான ரோஜா அந்தப் பட்டியலில் கிடையாது.

ரோஜாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், குளிருடைச் சிக்கல் முழுவதும் அங்கே ஒரே கூரைக்குள் கிடைக்கிறது. காதலர் தினச் சந்தைக்கு ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் பூ போயாகவேண்டும்; ஆண்டின் அதிகப்படி வேலை, ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில் வந்து விழுகிறது. மொட்டு விரியுமுன் வெட்டவேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே பசுமைக்குடிலுக்குள் ஆள் இறங்குகிறது. இலையெல்லாம் பனி, அரைமணி நேரத்தில் முழங்கை வரை சட்டை நனைந்துவிடுகிறது. வெட்டிய தண்டு தண்ணீர் வாளியோடு குளிர்பதன அறைக்குப் போகிறது. அங்கே 2 முதல் 4 டிகிரி. கதவருகே ஆணியில் ஒரு தடித்த ஜாக்கெட் தொங்கும், உள்ளே போகிற எவரும் அதை மாட்டிக்கொண்டு போகவேண்டும். இரண்டு நிமிட வேலைதானே என்று அதையும் எடுக்காமல் போகிறவர்களே அதிகம். அந்த இரண்டு நிமிடம் ஒரு நாளில் பலமுறை வரும். இங்கே இரண்டு தேவைகள் கலந்து கிடக்கின்றன. குளிரறை ஜாக்கெட் தலைக்கவசத்தைப் போல ஒரு பாதுகாப்புக் கருவி. ஆளுக்கொன்று, அளவுக்கேற்றது, உலர்ந்தது வேண்டும். விடியற்காலைக்குத் தேவையான ஸ்வெட்டர் நல உடை. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று கணக்கெழுதுவதும், இரண்டாவதைப் பொங்கல் பரிசாகக் கொடுத்துவிட்டு முதலாவதை மறப்பதும் ஒரே பிழையின் இரு பக்கம்.

மின்னணு ஆலைக்குள் சிக்கல் தலைகீழாக நிற்கிறது. ஏ.சி.யின் அளவு பொருளுக்கும் எந்திரத்துக்கும் வைத்தது. கம்பளியும் அக்ரிலிக்கும் நிலைமின்னை உண்டாக்குவதால் நுண்பாகம் கையாளும் வரிசையில் வெளியே தெரியும்படி ஸ்வெட்டர் போட முடியாது, நிலைமின் தடுக்கும் இ.எஸ்.டி. கோட்டுக்குள் மறைத்துப் போடலாம், அல்லது லாக்கரில் கழற்றி வைக்கலாம். லாக்கர் சிறியது. ‘ஸ்வெட்டர் வழங்கினோம்’ என்று ஒரு நிர்வாகம் சொல்லும்போது, எந்த நூலில், எங்கே போட, எங்கே கழற்ற என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டியிருக்கிறது.

இனி 38ஆவது விதிக்கு வரலாம். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதை ஒடிசாவின் தாதன் தொழிலாளர் முறையில் இருக்கிறது. கங்காணி போன்ற இடையாள் முன்பணம் கொடுத்துத் திரட்டிக்கொண்டு போன ஆட்களைக் காப்பதற்கான சட்டம் என்பதால் முதற்பொறுப்பை ஒப்பந்ததாரர் தலையில் வைத்தது. அதன் 16ஆம் பிரிவு பாதுகாப்பு உடையைக் கடமையாக்கியது. கம்பளிக் கோட்டு, கால்சட்டை என்ற பட்டியலைப் பார்த்தாலே விதி எழுதியவர் மனத்தில் ஆண் மட்டும் இருந்தது தெரிகிறது. 20 டிகிரி எந்த நேரத்தில், உள்ளேயா வெளியேயா என்றும் சொல்லவில்லை. மத்திய விதி நேரடியாகச் சென்றது மத்திய அரசு ‘உரிய அரசாக’ இருக்கும் நிறுவனங்களுக்கு: ரயில்வே, துறைமுகம், சுரங்கம் முதலியவை. தனியார் ஆலைக்கு மாநிலம்தான் உரிய அரசு. ஆனால் சுரங்கம் என்ற சொல்லை இங்கே கவனிக்கவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் குவாரிகள் சுரங்கச் சட்டத்துக்குள் வந்தவை. வெளிமாநிலத்திலிருந்து ஒப்பந்ததாரர் கூட்டிவந்த ஆள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குவாரியில் விடியற்காலை துளையிடப் போனால், விதியின் எழுத்துப்படியே கம்பளிக்கு உரியவர்.

மறுப்புகள் இரண்டு உண்டு, இரண்டுக்கும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலாவது: 20 டிகிரி மிகவும் தாராளமான கோடு, அப்படிப் பார்த்தால் ஜனவரியில் இந்தியாவின் பெரும்பகுதி கம்பளிக் கோட்டு போடவேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. பகலில் 27 டிகிரி அடிக்கும் ஊரில் கம்பளிக் கால்சட்டை கேலிக்கூத்து. பிரிட்டனிலேயே வேலைக்கூட வழிகாட்டு அளவு 16 டிகிரி, கடும் உழைப்பானால் 13. ஆனால் இதிலிருந்து கிடைப்பது உடையைப் படிப்படியாக வகுக்கவேண்டும் என்பது மட்டுமே: 20க்குக் கீழே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடை, 15க்குக் கீழே கம்பளி, குளிரறைக்குத் தனி ஜாக்கெட்.

இரண்டாவது மறுப்பைத்தான் அடிக்கடி கேட்க நேர்கிறது: ராஞ்சிக்காரருக்கு இது குளிரா? அங்கே ஜனவரி இரவு ஓசூரைவிடக் கடுமையானது என்பது உண்மை. ஆனால் அங்கே அவருக்கு அடுப்பங்கரையும் வீட்டுப் போர்வையும் இருந்தன, அந்த நேரத்தில் அவர் பஸ்ஸுக்காகச் சாலையில் நிற்கவில்லை. ஒரு பெட்டியோடு ரயிலேறியவர் எதைக் கொண்டுவர முடிந்தது என்பதுதான் 16ஆம் பிரிவின் கேள்வி. அஞ்செட்டிப் பெண்ணுக்கு இதே வாதம் வேறு வடிவில் திரும்புகிறது: ஊர்க்குளிர், பழகியிருக்கும். சட்டமும் இதை ஏற்றுக்கொண்டது போலத்தான், புலம்பெயர்ந்தவருக்குத் தந்து உள்ளூராருக்கு மறுத்தது. ஒரே பெல்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் குளிர் அடிக்கும் என்பது விசித்திரமான வானிலை.

விலை யார் தலையில் என்ற கேள்வி பழையது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவருக்குக் கொடுத்த கம்பளி பல இடங்களில் முன்பணக் கணக்கில் பற்றாக ஏறியது. குளிர் விட்டபின்னும் கடன் நின்றது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவு, சட்டப்படி தரவேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அது கட்டாயமானவற்றுக்கு மட்டும். நிர்வாகம் தானாக மனமுவந்து தரும் ஸ்வெட்டருக்கு அந்தக் காப்பு இல்லை. வேலையை விட்டு நிற்கும் டிரெய்னியின் கடைசிக் கணக்கில் அது பிடித்தமாக வரலாம். பர்மனெண்ட் ஆட்கள் நிர்வாகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் யூனிபார்ம், ஷூ பற்றிப் பேசி முடித்துக்கொள்வார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. பரிசாக வரும் உடையை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

2025 நவம்பர் 21 முதல், ஈ.எஸ்.ஐ. சட்டம் நீங்கலாக, இந்தச் சட்டங்கள் எல்லாம் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு, 2020 என்ற ஒன்றுக்குள் போய்விட்டன. மொத்தம் 13 சட்டங்கள். புலம்பெயர்ந்தவர் என்ற வரையறை அகன்றிருக்கிறது: ஒப்பந்ததாரர் இல்லாமல் தானாக வந்தவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு உட்பட்டவரானால், அதில் அடங்குவார். இது மெய்யான முன்னேற்றம். கூடவே, ஐந்து பேர் என்றிருந்த வரம்பு பத்தாகியது. பழைய 16ஆம் பிரிவிலிருந்த பாதுகாப்பு உடை, புதிய 60ஆம் பிரிவில் காணவில்லை. அங்கே எஞ்சியிருப்பது, வேறு மாநிலத்தில் வேலைசெய்ய நேர்ந்ததைக் கருதி ‘தகுந்த பணி நிலைமைகள்’ தரவேண்டும் என்ற பொதுச்சொல். உடைக்கு உரியவர் தொகை கூடிய அதே ஏட்டில் உடையே விழுந்துவிட்டது.

முற்றிலும் போய்விட்டதா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. தொகுப்பின் 143ஆம் பிரிவு, நீக்கப்பட்ட சட்டங்களின் விதிகள் புதியதற்கு முரணாகாத அளவுக்குத் தொடரும் என்கிறது. ‘தகுந்த பணி நிலைமைகள்’ என்ற சொற்றொடரை வெப்பநிலைக் கோட்டோடு விளக்கும் 38ஆவது விதி எந்த வகையிலும் 60ஆம் பிரிவுக்கு முரணானதல்ல. அதற்குப் பொருள் தருவது. தொழிலாளர் நலச் சட்டத்தை நலம் பெறுவோர் பக்கம் சாய்த்துப் படிக்கவேண்டும் என்பது நம் நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்கமும்கூட.

இதைச் சோதிக்க ஏற்ற இடம் கிரானைட் குவாரி, ஏனெனில் அங்கே விதி முன்பே நேரடியாகச் சென்றது. ஒரு தொழிற்சங்கம் மத்தியத் தொழிலாளர் ஆணையரிடம் மனுக் கொடுத்து, ஜனவரி விடியற்காலை 5 மணிக்குக் குவாரியில் எடுத்த வெப்பநிலையை அதோடு இணைத்தால் போதும். ஆலைகளுக்கும் பூத்தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு விதிகள்தான் வழி: ஷிப்டு தொடங்கும் முடியும் நேரங்களில் திறந்தவெளி வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழ் என்றால், பர்மனெண்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி, உள்ளூர், வெளியூர் பாராமல் மேலுடை, பெண்ணுக்குப் பெண் அளவில், பிடித்தம் இல்லாமல், கழற்றி வைக்க இடத்தோடு. தினக்கூலிக்கு மேஸ்திரி வேனில் ஏற்றிவரும் பூத்தோட்டப் பெண்ணுக்கு முதலாளி யார் என்ற கேள்வியை அந்த விதி முதலிலேயே தீர்த்தாகவேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி தோட்டக்காரரைக் காட்டுவார், தோட்டக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார்.