ஓடாத விசிடியும் 276 பைட்டும்

2003ல் எங்கள் அக்கா கல்யாணம் கோவில்பட்டியில் நடந்தது. வீடியோக்காரர் ஆல்பத்தோடு சேர்த்து மூன்று விசிடி கொடுத்தார். பிளாஸ்டிக் உறை, மேலே ரோஜாப்பூ, நடுவில் மாப்பிள்ளை பொண்ணு படம். அந்தக் காலத்துக் கல்யாண விசிடி எதை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்பா 2009ல் போய்விட்டார். அவர் அசைந்து, பேசி நாங்கள் பார்க்க முடிகிற ஒரே பதிவு அதில்தான் இருக்கிறது. போட்டோ நிறைய உண்டு. குரல் வேறெங்கும் இல்லை.

சில வருஷம் முன்னால் அம்மா அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். வீட்டு விசிடி பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்குப் போயாச்சு. என்னிடம் இருந்தது ஒரு ஆட்டம் செயலி நெட்புக். 1 ஜிபி ரேம், அதில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். 32 பிட் கணினிகளை எல்லாரும் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்திலும் விடாமல் வைத்திருந்த டெபியன் வழி வந்த சின்ன லினக்ஸ் அது. யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி முதல் வட்டைப் போட்டேன்.

ஃபோல்டர் திறந்தது. எம்பெக்ஏவி என்ற அடைவுக்குள் .டாட் கோப்பு, ஐந்நூற்றுச் சொச்சம் எம்பி. எம்பிவியில் திறந்தால் கருப்புத் திரை, உடனே மூடிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் தப்பான பாதையில் போனேன். அந்த நெட்புக்கில் வீடியோ தகராறு புதிதில்லை. அதன் பழைய இன்டெல் கிராபிக்ஸுக்கு எம்பிவி எதிர்பார்க்கிற ஓபன்ஜிஎல் வேலை தாங்காது; சாதாரண எம்பி4 கூட விக்கி விக்கித்தான் ஓடும். அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படத்தை வெளியே தள்ளும் வழியை எக்ஸ்வி என்று மாற்றிவிட்டால் போதும். எக்ஸ்வியின் விவரக்குறிப்பு 1991ல் எழுதப்பட்டது. நிற மாற்றத்தையும் படத்தைப் பெரிதாக்குவதையும் செயலியின் தலையில் போடாமல் கிராபிக்ஸ் சில்லிடம் கொடுக்கிற எளிய ஏற்பாடு. மற்ற வீடியோவெல்லாம் அதில் சரியானதால் விசிடிக்கும் அதே நோய்தான் என்று நினைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க அந்த அமைப்புகளையே திருகிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகக் கோப்பை வன்தட்டுக்கு நகலெடுக்கப் பார்த்தேன். உள்ளீடு வெளியீடு பிழை. இரண்டாவது வட்டு, அதே பிழை. மூன்றாவதும் அப்படியே.

"என்னடா ஆச்சு?"

"சிடி கெட்டுப்போச்சும்மா. படிக்கவே மாட்டேங்குது."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றையும் வாங்கி உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தன. நான் சொன்னது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. வட்டு கெடவில்லை. எனக்கு விசிடி என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

விசிடியின் விதிமுறை 1993ல் வந்தது. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி சேர்ந்து போட்டது, வெள்ளைப் புத்தகம் என்பார்கள். (ஆடியோ சிடிக்குச் சிவப்புப் புத்தகம், கணினி சிடிக்கு மஞ்சள். நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம்.) அவர்கள் முன்னால் இருந்த பிரச்சினை ஒரு கணக்கு. சாதாரண வேகத்தில் சுழலும் சிடி, நொடிக்கு 75 செக்டார் கொடுக்கும். ஒரு செக்டாருக்கு மொத்தம் 2352 பைட். கணினி சிடியில் அதில் 2048தான் நம் சரக்கு; மீதியில் பெரும்பகுதி கீறல் விழுந்தாலும் தரவை மீட்டுக் கொடுக்கிற பிழைதிருத்தம். 75ஐ 2048ஆல் பெருக்கி பிட்டாக்கினால் நொடிக்கு 12.3 லட்சம் பிட் கிடைக்கும். விசிடிக்கோ எம்பெக்-1 படத்துக்கு 11.5 லட்சம், ஒலிக்கு 2.24 லட்சம், ஆக 13.74 லட்சம் வேண்டும். கொள்ளவில்லை.

என்ன செய்தார்கள்? பிழைதிருத்தத்துக்கென்று ஒதுக்கியிருந்த 276 பைட்டைத் தூக்கி அதிலும் படத்தை நிரப்பினார்கள். செக்டாருக்கு 2324 பைட் ஆயிற்று, நொடிக்கு 13.94 லட்சம் பிட். மயிரிழையில் கொண்டது. ஒரு மென்பொருளில் ஒரு பைட் போனால் அது ஓடாது. படத்தில் ஒரு பைட் போனால் மாமாவின் சட்டையில் அரை நொடி ஒரு சதுரம் தெரியும், யாருக்கு என்ன நஷ்டம்? இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. 74 நிமிட வட்டும் 74 நிமிடப் படமும் ஒன்றாய்ப் பொருந்தியதற்கும் இதுதான் காரணம்.

எங்கள் வட்டுகள் 'கெட்டுப்போனதும்' இதே 276 பைட்டால்தான். விசிடியின் முதல் டிராக் சாதாரண கணினி சிடி மாதிரி. கோப்புப் பட்டியல் அதில் இருக்கிறது. படம் இரண்டாவது டிராக்கிலிருந்து ஆரம்பம், அது வேறு வகைச் செக்டார். லினக்ஸின் கோப்பு முறைமை பட்டியலைப் படித்துவிட்டு, "இங்கே ஒரு .டாட் கோப்பு இருக்கிறது" என்று காட்டிவிடும். நகலெடுக்கப் போனால் வழக்கம்போல 2048, 2048ஆகக் கேட்கும். டிரைவ் தர மறுக்கும். கர்னல் பதிவை அன்றைக்கே எட்டிப் பார்த்திருந்தால் "இந்த டிராக்குக்குப் பொருந்தாத முறை" என்ற பொருளில் டிரைவ் சொன்ன பதில் அப்படியே கண்ணில் பட்டிருக்கும். டிரைவ் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்காமல் திரையைத் திருகிக்கொண்டிருந்தவன் நான்.

விண்டோஸில் இந்தத் தொல்லை தெரிந்ததே இல்லை. அது 2352 பைட்டையும் அப்படியே எடுத்து, முன்னால் சின்னத் தலைப்பு ஒன்று ஒட்டி, கோப்பு போல நீட்டிவிடும். பிரவுசிங் சென்டரில் .டாட் கோப்பை இழுத்துப் போட்டு, பெயரை .எம்பிஜி என்று மாற்றிப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

விசிடி ஏன் இவ்வளவு பரவியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சீனாவில் ஹெஃபெய் நகரத்து வான்யான் நிறுவனம் அமெரிக்க சி-கியூப் கம்பெனியின் சில்லை வைத்து பிளேயர் செய்து விற்கத் தொடங்கியது. மேற்கத்திய நாடுகளில் டிவிடி வந்து அதை மறக்கடித்துவிட்டது. ஆசியாவில் அது வீட்டுச் சாமானாகவே இருந்தது. வட்டைப் பிரதி எடுப்பது சுலபம், பூட்டு எதுவும் இல்லை. அதனால் நம் ஊரில் இரண்டு வகை விசிடி பெருகின, ஒன்று கல்யாண விசிடி, இன்னொன்று திருட்டு விசிடி. தமிழ்நாட்டில் 2004ல் குண்டர் சட்டத்தையே திருத்தி, கள்ளச்சாராயக்காரர்கள் வரிசையில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். 352க்கு 288 புள்ளி அளவுப் படத்துக்கு இப்படி ஒரு மரியாதை!

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எம்பிவி இந்த வட்டைப் படிக்காததிலும் ஒரு வம்சக் கதை இருக்கிறது. 2000ல் ஹங்கேரியின் ஆர்பாத் கெரெஃபி, லினக்ஸில் உருப்படியான பிளேயர் கிடைக்காமல் தானே ஒன்று எழுதினார். எம்பிளேயர் என்று பின்னால் பேர் வாங்கிய அந்த நிரலின் ஆரம்பப் பெயர் எம்பிஜி12பிளே. எம்பெக்-1, எம்பெக்-2 ஓட்டுவதற்காகப் பிறந்தது. விசிடியைக் கோப்பாகத் திறக்காமல், டிரைவிடம் நேராகப் பச்சைச் செக்டார் கேட்டு 2324 பைட்டை உருவி எடுக்கும் வித்தை அதில் உண்டு. 2012ல் அந்த வம்சத்திலிருந்து எம்பிவி கிளைத்தது. பழைய குப்பையைத் தூக்கிப்போட்டுத் துப்புரவாக எழுதியதால்தான் இன்றைக்கு அது இவ்வளவு நன்றாக இருக்கிறது. விசிடி வசதி இப்போது அதில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யார் கேட்டார்கள்?

விஎல்சியில் வட்டைத் திற என்ற பெட்டிக்குள் விசிடி என்று தனியாக ஒரு தேர்வே இருக்கிறது. நெட்புக்குக்கு விஎல்சி கனம் என்று நான் அதைப் போடவே இல்லை. லேசான லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. எதையும் கனம் என்று ஒதுக்குவோம்.

கடைசியில் எம்பிளேயரை நிறுவி, கோப்பைச் சொல்லாமல் 'விசிடி, இரண்டாவது டிராக்' என்று கேட்டேன். மேளச் சத்தம் வந்தது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் அது போதும். பத்திரப்படுத்த, விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். டிராக்குகளைச் சுத்தமான எம்பெக் கோப்பாகவே எழுதித் தருகிறது, தரம் ஒரு துளி குறையாமல். நீங்களும் பீரோவில் வைத்திருந்தால் செய்ய வேண்டியது அதுதான். எம்பி4 ஆக மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம், மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அப்பா இரண்டாவது வட்டில் வருகிறார். பந்தியில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் சாம்பார் வரலை பாருப்பா" என்கிறார். மொத்தமே ஏழெட்டு விநாடி. அம்மா அதை மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு, "கெட்டுப்போச்சுன்னியேடா" என்றார். என்னிடம் பதில் இல்லை. 276 பைட் கதையை ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வட்டில் நிஜமாகவே கீறல் இருக்கிறது. 38ஆவது நிமிடத்துக்கு மேல் டிரைவ் முனகிக்கொண்டே நிற்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. பழைய சிடி டிரைவ்கள் சில இப்படிப்பட்ட வட்டைப் பொறுமையாகப் படிக்கும். மச்சான் வீட்டுப் பரணில் 2006ல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று கிடக்கிறதாம். தீபாவளிக்குப் போகும்போது இறக்கிப் பார்க்க வேண்டும்.