வசந்த வியாக்கியான மாலை: புனேயின் ஒரு மேடையும் சில சொற்களும்

‘வியாக்கியானம்’ என்னும் சொல் தமிழில் உரைநூலைக் குறிப்பது. 13ஆம் நூற்றாண்டில் நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுமைக்கும் உரை வரைந்த பெரியவாச்சான் பிள்ளை ‘வியாக்கியானச் சக்கரவர்த்தி’ எனப் போற்றப்படுகிறார். பேச்சு வழக்கிலோ வேண்டாத விளக்கத்தைப் பழிக்கவும் இச்சொல் பயன்படுகிறது. மராத்தியில் இதன் நிலை வேறு. ஆங்கே ‘வ்யாக்யான்’ என்பது கூடியிருக்கும் மக்கள் முன் ஒருவர் நிகழ்த்தும் சொற்பொழிவு. ஏட்டை விட்டு மேடையில் இச்சொல் நிலைபெற்றமையை விளங்கிக்கொள்ள அகராதி மட்டும் போதாது. 1875இல் புனேயில் தொடங்கிய ‘வசந்த வ்யாக்யான்மாலா’வின் வரலாற்றையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்தொடரைத் தொடங்கியவர் மகாதேவ கோவிந்த ரானடே (1842–1901). 1871இல் நீதித்துறைப் பணியேற்றுப் புனேக்கு வந்த அவர், அந்நகரின் பொதுவாழ்வில் தோன்றிய பல அமைப்புகளுக்குப் பின்புலமாக நின்றவர். இத்தொடரை நடத்தும் அமைப்பின் பெயரே நோக்கத்தக்கது: ‘வக்த்ருத்வோத்தேஜக சபா’, அதாவது பேச்சுத்திறனை ஊக்குவிக்கும் அவை. அறிவைப் பரப்புதல் மட்டுமன்றிப் பேசக் கற்பித்தலும் அதன் குறிக்கோள் என்பது இப்பெயராலேயே புலனாகும். பேச்சு என்பது பயின்று பெறவேண்டிய கலை என்றும், தாய்மொழியிலும் அதனைப் பயிலலாம் என்றும் கருதியமை அக்காலத்தில் சிறு செய்தியன்று. ஏப்ரல், மே மாதங்களில், கல்வி நிலையங்கள் விடுமுறையில் இருக்கும் பருவத்தில், நாளுக்கொரு பேச்சாக இத்தொடர் நிகழும். பிற்காலத்தில் திலகர் சாலையிலுள்ள திலகர் நினைவு மன்றம் இதற்குரிய இடமாயிற்று. நாசிக்கில் கோதாவரிக் கரையில் நடைபெறும் தொடர் உட்பட, மகாராட்டிரத்தின் பல ஊர்களிலும் இதே பெயரில் தொடர்கள் எழுந்தன.

மராத்திச் சமுதாயத்திற்குக் கூடியிருந்து கேட்டல் புதிதன்று. புராணம் படிப்பவர் ஏட்டை முன்வைத்து அமர்ந்து பொருள் கூறுவார். ஹரிதாசர் நின்று, இசையோடு கீர்த்தனம் நிகழ்த்துவார். அக்கீர்த்தனத்தின் முற்பகுதியில் இடம்பெறும் தத்துவ விளக்கத்திற்கு ‘நிரூபண்’ என்று பெயர். தமிழிலோ ‘நிரூபணம்’ மெய்ப்பித்தலைக் குறிக்கிறது. தஞ்சை மராட்டியர் காலத்தில் அதே சொல் ஆடல், இசைக்குரிய உருப்படித் தொகுதிகளின் பெயராகவும் வழங்கியது. புதிய மேடையில் ஏடும் இல்லை, இசைக்கருவியும் இல்லை, தெய்வத்தின் திருமுன்பும் இல்லை. பேசுபவர் தம் கருத்திற்குத் தாமே பொறுப்பு. இதுவே பெரிய மாற்றம் என்று கொள்ளலாம்.

தமிழில் இதற்கு இணையான நிகழ்வு முன்னரே உண்டு. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். கிறித்தவ மறையுரையின் வடிவத்தைச் சைவம் தனதாக்கிக்கொண்டதாக இதனை ஆய்வாளர் பெர்னார்ட் பேட் விளக்கியுள்ளார். ஆயினும் அப்பேச்சு கோயிலுக்குள் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. ‘பிரசங்கம்’ என்பதும் மராத்தியிலிருந்து பெயர்ப்போர் விழிப்புடன் அணுகவேண்டிய சொல். அங்கே ‘ப்ரஸங்க்’ நிகழ்ச்சி அல்லது தருணம் என்றே பொருள்படும். ‘உபந்நியாசம்’ இன்னும் சிக்கலானது. தமிழில் சமயப் பேருரை, தெலுங்கிலும் கன்னடத்திலும் சொற்பொழிவு, இந்தியிலும் வங்காளத்திலும் நாவல். மராத்தியரும் கன்னடரும் நாவலுக்குப் பாணபட்டரின் ‘காதம்பரி’யையே பொதுப்பெயராக்கிக் கொண்டனர். வேர் ஒன்றாயினும் அச்சொற்கள் வாழ்ந்த மேடைகள் வேறு.

இத்தொடர் தோன்றியதற்கு முந்தைய ஆண்டு, 1874இல், விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் ‘நிபந்தமாலா’ என்னும் இதழைத் தொடங்கினார். (‘நிபந்தம்’ நம் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட அறக்கட்டளை, மராத்தியில் கட்டுரை.) ஒரே நகரில் எழுத்து மாலை ஒன்றும் பேச்சு மாலை ஒன்றுமாக ஓராண்டு இடைவெளியில் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலவில்லை. மராத்தி உரைநடை கண்ணுக்கும் செவிக்கும் ஒருசேரப் பழகிய காலம் அது. 1878 மே மாதத்தில், அதே வேனிலில், ரானடேயும் லோகஹிதவாதி கோபால் ஹரி தேஷ்முக்கும் புனே ஹிராபாகில் மராத்தி நூலாசிரியர் கூட்டத்தைக் கூட்டினர். இன்றைய அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டின் மூலம் அதுவே. 1894இல் ரானடேயின் முயற்சியால் தக்காண வட்டார மொழிபெயர்ப்புக் கழகமும் உருவாயிற்று. பேச்சு, எழுத்து, மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் அவர் நோக்கில் ஒரே பணியின் கூறுகள்.

எனினும் அப்பணி எவர் மொழியில் நடந்தது என்னும் வினா எழுகிறது. 1885இல் நூலாசிரியர் கூட்டத்திற்கு அழைக்கப்பட்ட ஜோதிராவ் ஃபுலே வர மறுத்து ரானடேக்கு மடல் எழுதினார். மக்கள் அனைவர்க்கும் உரிமையை மனமார வழங்காதோரின் அவைகளோடும் நூல்களோடும் தம் அவைகளும் நூல்களும் இணையா என்பது அதன் சாரம். ஃபுலேயின் உரைநடை உழவர் பேச்சிலிருந்து எழுந்தது. புனேயின் கற்றோர் மேடைகளில் ஓங்கியதோ வடமொழி செறிந்த நடை. இன்று ‘தரமான மராத்தி’ என மொழிபெயர்ப்பாளர் கொள்ளும் நடையில் அம்மேடைகளின் சாயல் உண்டு. இதனை உணராமல் ஃபுலேயை அதே தரத்தமிழில் பெயர்த்தால் அவர் மறுத்த அவைக்கே அவரைக் கொண்டு சேர்த்தவராவோம்.

பேச்சு அச்சேறும்போது நேரும் இழப்பிற்கும் அதே 1875ஆம் ஆண்டே சான்று தருகிறது. வேனில் கழிந்த பின், ரானடே முதலியோர் அழைப்பில் புனே வந்த தயானந்த சரசுவதி ஆற்றிய உரைகளுள் 15 மராத்தியில் அச்சாயின. அவர் பேசியது இந்தியில். பிற்காலத்தில் ‘உபதேச மஞ்சரி’ என்னும் பெயரில் இந்தியில் வந்த நூல், அம்மராத்திப் பதிவிலிருந்து மீண்டும் பெயர்க்கப்பட்டதாகும். பேசிய மொழியிலேயே படிப்பவர்க்கும் கிடைப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பே.

இறுதியாக, தொடரின் பெயரைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘வசந்தம்’ நமக்குத் தென்றலையும் வசந்த மண்டபத்தையும் நினைவூட்டும். புனேயிலோ ஏப்ரலும் மேயும் கடும் வெயிற்காலம். சித்திரை, வைகாசியைக் குறிக்கும் ‘இளவேனில்’ அம்மாதங்களோடு பெரும்பாலும் பொருந்துகிறது. வெம்மையும் அதில் அடங்கும். ‘மாலை’யைத் ‘தொடர்’ ஆக்கினால் பூத்தொடுத்த உருவகம் மறையும். அப்படியே வைத்தால் அந்திப்பொழுது என்னும் பொருளும் உடன்வரும். பேச்சு நிகழ்வது மாலையில்தான் என்பதால் அம்மயக்கத்தை யான் களைய விரும்பவில்லை. ‘இளவேனிற் சொற்பொழிவு மாலை’ என்றே பெயர்க்கலாம்.