மலையகப் பாதைகளில் பேருந்து: நினைவும் வரலாறும்

பழைய ஊர்திகள்மீது மனிதர் கொள்ளும் பற்று வியப்புக்குரியதன்று. மாட்டுவண்டியும் புகைவண்டியும் கதைகளிலும் கவிதைகளிலும் என்றோ இடம்பெற்றுவிட்டன. ஆயின், நாள்தோறும் நம்மைச் சுமந்து திரிந்த பேருந்து வரலாற்றாசிரியரின் கவனத்தை அத்துணை ஈர்த்ததில்லை. பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கு சேவையினின்று நீங்கிய வண்டிகளைச் சங்கங்கள் அமைத்துப் பேணுகின்றனர். லண்டன் நகரின் றூட்மாஸ்ரர் வண்டிகள் 2005இல் அன்றாடச் சேவையினின்று விலக்கப்பட்டபோது, அவற்றின் இறுதி ஓட்டத்தைக் காண மக்கள் வீதியோரங்களிலே திரண்டு நின்றனர். நம் நாட்டிலும் பழைய லேலண்ட் வண்டியின் உறுமலைக் கேட்டே அதனை இனங்காணக் கூடியவர்கள் இருந்தனர். இன்றும் ஒரு சிலர் உளர்.

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே பிறந்து வளர்ந்தோரிடம் இந்த ஏக்கம் சற்று வேறான தன்மையுடையது. அவர்கள் பழைய பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் இயந்திரத்தை விட்டு மனிதரிடம் சென்றுவிடும்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, திருவிழா, பிரிவு. இதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை பேருந்து வெறும் ஊர்தியன்று. தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் பொதுவாழ்வு ஒன்று உண்டென்பதை அவர்கட்கு அன்றாடம் உணர்த்திய சாதனம் அது. அப்பொதுவாழ்வில் அவர்கட்கு எத்துணை இடம் அளிக்கப்பட்டது, எத்துணை மறுக்கப்பட்டது என்பதையும் அதே பேருந்தின் வரலாறு காட்டி நிற்கின்றது. இவ்விரு பக்கங்களையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதைகள் யாருக்காக?

மத்திய மலைநாட்டின் பாதைகள் மக்கள் பயணஞ்செய்வதற்கென எழுந்தவையல்ல. முதலிற் கோப்பியையும், அது நோயினால் அழிந்தபின் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையே அவற்றைத் தோற்றுவித்தது. புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலைவரை ஒரு குறுகிய பாதை அமைக்கப்பட்டது. வீதிப் போக்குவரத்து வலுப்பெற்ற பின்னர், 1940களில் அது மூடப்பட்டது. மலைச்சரிவிலே இரயில் விட்ட இடத்தைப் பின்னர் பஸ்வண்டியும் லொறியும் பற்றிக்கொண்டன எனலாம்.

இப்பாதைகளை வெட்டிய கைகளும், அவற்றின் வழியே சென்ற தேயிலையைப் பறித்த கைகளும் தொழிலாளருடையவை. ஆனால் அவர்கள் விரும்பியவாறு நடமாடும் உரிமை அவர்கட்கு இருக்கவில்லை. தோட்டத்துப் பாதை துரையின் தனிச்சொத்து. வெளியார் உள்ளே வருவதற்கு அவரது அனுமதி வேண்டும். கங்காணிக்குத் தொழிலாளி செலுத்தவேண்டிய கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மனிதரைக் கடனோடு கைமாற்ற உதவியது. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர், தோட்டங்களின் நிலையை நேரிற் காண்பதற்குப் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே செல்ல நேர்ந்தது என்பது மலையக வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தியாகும்.

இத்தகைய அடைபட்ட உலகின் வாயிலில், பெரும்பாதையோரச் சந்தியிலே வந்து நின்றதுதான் பேருந்து. அது துரையின் அனுமதியைக் கேட்டு வரவில்லை. காசு கொடுத்தவனுக்குச் சீட்டுக் கொடுத்தது. அச்சீட்டிலே பெயரும் இல்லை, கடனும் இல்லை. துண்டுச்சீட்டை அறிந்திருந்த ஒரு சமூகத்துக்கு இது சிறிய மாற்றமன்று.

கம்பனிக்காலமும் தேசியமயமும்

இலங்கையில் மோட்டார் பஸ் சேவை 1907இல் தொடங்கியதென்பர். தொடக்கத்தில் வண்டியின் உரிமையாளர்களே தத்தம் விருப்பப்படி சேவை நடத்தினர். ஒரே பாதையிற் பலர் போட்டியிட்டு ஓடியமையால் ஏற்பட்ட சீர்கேட்டைத் தடுக்க, 1942இல் இயற்றப்பட்ட சட்டம் பாதை வாரியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. போட்டி அடங்கிற்று; கம்பனிகள் வளர்ந்தன. ஆயினும், இலாபந்தரும் பாதையில் அக்கறையும் ஏனையவற்றில் அலட்சியமும் காட்டப்படுகின்றன என்ற குறைகூறல் ஓயவில்லை. 1948இல் இரத்தினமும், 1954இல் சன்சோனியும், 1956இல் ஜயரத்ன பெரேராவும் மேற்கொண்ட ஆய்வுகள் மூன்றும் பஸ் சேவையை அரசு பொறுப்பேற்க வேண்டுமென்றே பரிந்துரைத்தன.

அதன்படி 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. பிரதமர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவும் போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்காவும் அதன் முதற் பயணத்திற் கலந்துகொண்டனர். நாடு முழுவதும் ஒரே நிறுவனம், ஒரே கட்டண ஒழுங்கு, ஒரே நேரசூசி முறை என்னும் எண்ணம் அக்காலத்துக்குப் பெரியதொரு கனவு. அதன் உச்சநிலையில் ஏறத்தாழ 7,000 வண்டிகளையும் 50,000இற்கு மேற்பட்ட ஊழியர்களையும் கொண்டு, உலகின் மிகப்பெரிய பஸ் நிறுவனங்களுள் ஒன்றாகச் சபை விளங்கிற்று.

ஆனால் அதே ஆண்டு இன்னொன்றையும் கொணர்ந்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, புதிதாகப் பதியப்பட்ட வாகனங்களின் இலக்கத்தகட்டிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறிக்கப்பட்டது. சபையின் புதிய வண்டிகள் அவ்வெழுத்துடன் தமிழர் வாழும் பகுதிகளுக்கு வந்தபோது எதிர்ப்பு மூண்டது. வடக்கிலே தொடங்கிய ஸ்ரீ எதிர்ப்பு மலைநாட்டுக்கும் பரவியது. பொகவந்தலாவையிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் இருவர் பலியாயினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டுப் பத்தாண்டு கழிந்த வேளை அது. பொதுமக்களின் சொத்து என்று பறைசாற்றப்பட்ட வண்டி, 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் தாம் அடங்குகின்றோமா என்ற ஐயத்தையும் ஏற்றிக்கொண்டே மலையேறிற்று. பழைய பஸ்ஸை எண்ணி ஏங்குவோர் இதனை மறந்துவிடலாகாது.

அன்றாட ஓட்டம்

எனினும் மக்கள் அவ்வண்டியிலே ஏறினர். அதனைத் தமதாக்கியும் கொண்டனர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, சேவையின் அன்றாட நடைமுறையை நோக்கல் வேண்டும்.

ஹட்டன் நகர் புகையிரதமும் பஸ்ஸும் சந்திக்கும் இடம். அங்கிருந்து ஒரு பாதை டிக்கோயா வழியாக நோர்வூட்டை அடைந்து, ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மறு கிளை பொகவந்தலாவைக்குமாகப் பிரிகின்றது. மற்றொன்று கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா ஊடாக நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம என மேலும் உள்ளே செல்கின்றது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலைப் பக்கமும், இறம்பொடை வழியே கண்டிப் பக்கமும் வண்டிகள் புறப்படும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலும், நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலும் உயர்ந்தவை. எனவே இப்பாதைகளிற் சமதரை என்பது அரிது.

இத்தகைய ஏற்றத்தில் வண்டியோட்டுதல் ஒரு தனிக்கலை. ஏற்றத்திற்கு எந்தக் கியரோ, இறக்கத்துக்கும் அதே கியர் என்பது மலைப்பாதைச் சாரதிகளின் பாலபாடம். பிறேக்கை மட்டும் நம்பியவன் அடிவாரம் சேரான். கொண்டை ஊசி வளைவிலே எதிரே வண்டி வந்தால், இறங்குபவன் ஏறுபவனுக்கு வழிவிட வேண்டும். நீண்ட ஏற்றத்திலே ரேடியேற்றர் கொதித்து ஆவி கக்கும்போது, நடத்துனர் தகரப் பேணியோடு ஓடைக்கு இறங்குவார். வண்டி பின்னே உருளாதிருக்கச் சில்லுக்குக் கல் வைக்கப்படும். கூரையோரமாக ஓடிய கயிற்றை ஒருமுறை இழுத்தால் நிறுத்தம். இருமுறை இழுத்தால் புறப்பாடு. பனிமூட்டத்திலே பாதை மறையும் மாலைவேளைகளில், சாரதிக்குக் கண்ணைவிடப் பழக்கமே துணை.

வண்டிகளும் காலத்துக்குக் காலம் மாறின. பிரித்தானிய லேலண்ட் வண்டிகளை அடுத்து இந்தியாவின் அசோக் லேலண்ட், டாட்டா வண்டிகளும், பின்னர் யப்பானின் இசுசு வண்டிகளும் வந்தன. லண்டனிலே ஓடித் தேய்ந்த இரட்டைத்தட்டு வண்டிகளும் இறக்குமதியாயின. ஆயினும், மலைநாட்டார் நினைவிலே நிலைத்தவை நீண்ட மூச்சுவிட்டு ஏறும் ஒற்றைத்தட்டு லேலண்ட் வண்டிகளே.

நினைவில் நிலைத்த மற்றொன்று நேரம். மாலையிற் செல்லும் கடைசி பஸ் பாதையின் முடிவிடத்திலேயே இரவு தங்கி, விடியற்காலையில் முதல் பஸ்ஸாகத் திரும்பும் வழக்கம் பல பாதைகளில் இருந்தது. சாரதியும் நடத்துனரும் அவ்வூரார்போல் ஆயினர். பெரட்டுக்களத்துத் தப்பும் தொழிற்சாலைச் சங்கும் துரையின் நேரத்தை அறிவித்தன. முதல் பஸ்ஸின் ஒலி பொதுநேரத்தை அறிவித்தது. பிரசவ வேதனையுற்ற பெண்ணும், மரக்கறிச் சாக்கு ஏற்றும் விவசாயியும், செய்தித்தாள் கட்டும், நகரத்துப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் அவ்வொலிக்காகக் காத்து நின்றனர். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையுள்ள சிவனொளிபாதமலைப் பருவத்திலே, ஹட்டனில் வந்திறங்கும் யாத்திரிகரை நல்லதண்ணிக்குக் கொண்டுசெல்ல விசேட வண்டிகள் இரவும் பகலும் ஓடின, இன்றும் ஓடுகின்றன.

இவற்றுள் முதன்மையானது கல்விப் பயணமென்றே கருதவேண்டும். தோட்டப் பாடசாலைகள் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்ட காலத்தில், அதற்கு மேற்படிக்க விரும்பிய பிள்ளை ஹட்டனுக்கோ, தலவாக்கலைக்கோ, நுவரெலியாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. லயத்திலிருந்து சந்திவரை ஓரிரு மைல் நடை. அங்கிருந்து பருவச்சீட்டுடன் பஸ். சலுகைக் கட்டணத்தில் வழங்கப்பட்ட அப்பருவச்சீட்டு இன்றேல், மலையகத்தின் முதல் தலைமுறை ஆசிரியர்களுட் பலரும், பல்கலைக்கழகத்தின் படி ஏறியோருட் பலரும் உருவாகியிரார்.

பிரிவின் வண்டி

அதே வண்டி பிரிவையும் சுமந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இற்றான் சரிபாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள் தோட்டத்தை நீங்கி, புகையிரதமேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்றன. அப்புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அதற்கு முன்னர், தோட்டச் சந்தியில் ஏறிய பஸ்ஸின் யன்னலூடாகவே பலர் தாம் நட்ட மரத்தையும் தாம் வாழ்ந்த லயத்தையும் இறுதியாகக் கண்டனர்.

சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரியிற் குடியேறினர். அவர்தம் மறுவாழ்வுக்கெனத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. அங்கும் பேருந்துச் சேவை அரசுடைமையாகி, 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அதே தேயிலை, அதே பனி, அதே கொண்டை ஊசி வளைவு. ஆனால் பஸ்ஸின் பலகையிலே தமிழ். அதனை வாசித்து ஏறியவர்களையும் அவ்வூரார் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். ஊர்ப்பெயரை வாசிக்க இயல்வது மட்டும் ஊரைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

சிதைவும் எஞ்சியதும்

1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் 'மக்கள்மயமாக்கம்' என்னும் பெயரில் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாயின. 2005இன் சட்டம் அவற்றை மீண்டும் இலங்கை போக்குவரத்துச் சபையாக இணைத்தது. தோட்டங்களின் வரலாறும் இதற்கு இணையாகவே சென்றமை மனங்கொளத்தக்கது: 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமை; 1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகள் வசம்.

தனியார் வண்டிகள் பெருவீதிகளிற் பயணத்தை விரைவாக்கின. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தன. இதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் இருக்கை நிரம்பினால் ஓடும் வண்டிக்கும், நேரம் வந்தால் ஓடும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு. கிளைப்பாதையின் கடைசித் தோட்டத்திலே நான்கு பேர் நின்றாலும் வரவேண்டிய வண்டி பிந்தியதே. அது வராத இடங்களில் முச்சக்கரவண்டிக்கு அன்றைய கூலியின் கணிசமான பகுதியைத் தொழிலாளி கொடுக்கவேண்டியுள்ளது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சிசு சரிய' போன்ற மானியச் சேவைகள் பின்னாளிலே தொடங்கப்பட்டமை, சந்தை நிரப்பாத இடம் ஒன்று உண்டென்பதை அரசும் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

இதனாற் பழைய காலத்தைப் பொற்காலமென்று கொள்ளலாகாது. மிதிபலகையிலே தொங்கிச் சென்ற பயணங்களும், பழுதுற்ற வண்டிக்காக மழையில் நின்ற மணித்தியாலங்களும் அக்காலத்துக்குரியவையே. அரசுடைமை ஒன்றே பாதுகாப்பைத் தந்துவிடாது என்பதற்கு, 2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டியெல்லப் பகுதியிலே அரச பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை துயரந்தரும் சான்று. இருக்கைகளின் அளவைக் கடந்து பயணிகள் அதிலே ஏறியிருந்தனர். மலைப்பாதையிலே தேய்ந்த வண்டியும் மிகுந்த சுமையும் நினைவின் அழகுக்குரியனவல்ல.

முடிவுரை

மஸ்கெலியாவின் பழைய நகர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலே மூழ்கியுள்ளது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களும் பாதையும் வெளிப்பட, மக்கள் சென்று பார்த்து வருவர். பழைய பேருந்து பற்றிய ஏக்கமும் அத்தகையதே. ஆயின், வெளிப்படுவதைப் பார்த்துத் திரும்புவதோடு வரலாற்று மாணவனின் கடமை முடிவதில்லை.

மலையக மக்கள் ஏங்குவது லேலண்ட் இயந்திரத்துக்காக மட்டுமன்று. குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்திலும், குறித்த நேரத்துக்கு வந்து, எவரென்று கேளாமல் ஏற்றிச்சென்ற ஒரு பொதுச்சேவைக்காக அவர்கள் ஏங்குகின்றனர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டின; ஏட்டளவில் அவர்கள் குடிகளாயினர். அக்குடியுரிமை எத்துணை மெய்யானது என்பதை அளக்கச் சட்டநூல்களை மட்டும் புரட்டுதல் போதாது. டயகமவிலோ சாமிமலையிலோ, பெருவீதிக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தின் சந்தியிலே, விடியற்காலை பாடசாலைப் பிள்ளையோடு நின்று, பஸ் வருகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.